கிளிப்பர் பாய்மரப் பந்தயம்: ஒரு கட்டமா, முழு உலகச் சுற்றா?

பூம்பாறையில் பூண்டு போடும் என் அக்கா மகன் கிளிப்பர் பந்தயப் படகில் ஏறத் துடிக்கிறான். எங்கும் நிற்காமல் தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் தொடங்கிய, உலகைச் சுற்றும் பந்தயம் அது. முன்அனுபவம் தேவையில்லை; பணம் கட்டி, நான்கு நிலைப் பயிற்சியை முடிக்க வேண்டும். பாதையின் ஒரு பகுதியான ஒரு கட்டம் மட்டும் போவதா, உலகையே சுற்றுவதா என்று குழம்புகிறான்.

காலம்: முழுச் சுற்று சுமார் 40,000 கடல் மைல், 11 மாதம். பூண்டு நடவும் அறுப்பும் போய்விடும். ஒரு கட்டம் என்றால் சில வாரங்கள்.

செலவு: ஒரு கட்டத்துக்குக் குறைவு. பயிற்சி மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

உடம்பு: இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். மலைக்குளிரில் நனைந்த ஸ்வெட்டரை அடுப்படியில் காயப்போடலாம். அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடலில் நனைந்தது நனைந்ததுதான். நடுராத்திரி நான்கு மணி நேர வாட்ச், அதாவது படகைப் பார்த்துக்கொள்ளும் முறைவேலை, முடித்து இறங்கினால், இன்னொருவர் அப்போதுதான் எழுந்துபோன படுக்கை, சூடு ஆறாமல் கிடக்கும். படகு சாய்ந்தபடியே ஓட, அதில்தான் தூங்க வேண்டும். இதைச் சில வாரம் தாங்குவது வேறு, 11 மாதம் தாங்குவது வேறு. கொடைக்கானல் ஏரியில் துடுப்புப் போட்ட பழக்கம் இங்கே கைகொடுக்காது.

வீட்டில் நிலத்தைப் பார்க்க ஆள் இருந்து, கடலும் ஒத்துக்கொண்டவருக்கு முழுச் சுற்று. என் மருமகனுக்கு ஒரு கட்டம்தான். அதுவும் தென்கடல் வரும் கட்டம்.