கார் தலையில் சூரியனா, மொட்டைமாடியில் சூரியனா?

எங்கள் காருக்குப் பதினோரு வயது. பெங்களூரு கம்மனஹள்ளியிலிருந்து ஒயிட்ஃபீல்டு போய்வர தினமும் 35 கிலோமீட்டர், அதில் பாதி நேரம் டின் ஃபேக்டரி சிக்னலில் நிற்பது. மாதத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டம். இந்த நெரிசலில் லிட்டருக்கு 13 கொடுத்தால் பெரிய விஷயம். பெட்ரோல் 102 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆக மாதம் 7,900 ரூபாய், கிலோமீட்டருக்கு எட்டு ரூபாய். மாற்றியாக வேண்டும் என்று முடிவான நாளிலிருந்து வீட்டில் ஒரே பட்டிமன்றம்.

முதலில் பேச வந்தவன் மச்சான். மனைவியின் தம்பி. ராமமூர்த்தி நகரில் 30-க்கு 40 அடி மனையில் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டவன். "மாமா, சோலார் காரே வந்திருச்சு, இன்னும் பெட்ரோலைப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்களே" என்றான். அவன் சொன்னது ஈவா. புனேக்காரர்கள் 2025 ஜனவரியில் டெல்லி வாகனக் கண்காட்சியில் இறக்கிய குட்டிக் கார், தலையில் சோலார் தகடு. வெயிலை மட்டும் வைத்தே வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர் வரை ஓடும் என்கிறார்கள். பொய் இல்லை. ஆனால் 365-ஆல் வகுத்துப் பாருங்கள்: நாளைக்கு எட்டு கிலோமீட்டர்தான்.

அதற்கு மேல் பெரிதாக வராது என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழுவது சுமார் 1,000 வாட். நல்ல தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும். சின்னக் காரின் கூரையில் இரண்டு சதுர மீட்டர் கிடைத்தால் பெரிது. ஆக, உச்சி நேரத்தில் 400 வாட். காலை, மாலை, மேகம், தூசி எல்லாவற்றையும் கழித்தால் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட் தேறும். மின்சாரக் கார் யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் போகும் என்றால் பத்து கிலோமீட்டர். கார் கூரை சாய்க்க முடியாதது, சூடேறினால் தகடு இன்னும் கொஞ்சம் மந்தமாகிவிடும். இதில் எனக்குத் தனிச் சங்கடம்: என் கார் வீட்டில் பேஸ்மென்ட், ஆபீஸில் பேஸ்மென்ட். சூரியன் அதைப் பார்ப்பது சிக்னலில் மட்டும்தான். சரி, வெயிலில் நிறுத்துகிறேன் என்று வைத்துக்கொண்டால், அடுப்பாகிவிட்ட காரைக் குளிர்விக்க ஏசி குடிக்கும் மின்சாரத்தை யார் கணக்கில் சேர்ப்பது?

ஐரோப்பாவில் இதைப் பெரிய அளவில் முயன்றவர்கள் கதை சோகமானது. நெதர்லாந்தின் லைட்இயர் இரண்டரை லட்சம் யூரோவுக்கு ஒரு சோலார் காரைத் தயாரிக்கத் தொடங்கி, சில வாரங்களில், 2023 ஜனவரியில் நிறுத்திக்கொண்டது. ஜெர்மனியின் சோனோ அடுத்த மாதமே தன் காரைக் கைவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கத்துக் கதை கொஞ்சம் இனிமையானது. கோலாரைச் சேர்ந்த அறுபது வயது கடந்த ஒருவர், தானே செய்த சோலார் வண்டியில் 2015-இல் டெல்லி வரை சுமார் 3,000 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போனார். ஒரு மாதம் ஆனது. அவருக்கு அவசரம் இல்லை. எனக்கு ஒன்பதரை மணி மீட்டிங்.

ரேவா ஞாபகம் இருக்கிறதா? 2001-இல் பெங்களூருவில் பிறந்த அந்தக் குட்டி மின்சாரக் கார். அதை உருவாக்கிய சேத்தன் மைனி, மிஷிகன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது பந்தயச் சோலார் கார் கட்டிய குழுவில் இருந்தவர். அப்படிப்பட்டவரே விற்பனைக்கு ஒரு கார் செய்தபோது தகட்டைக் கூரையில் வைக்கவில்லை, பிளக்கைத்தான் வைத்தார். எனக்கு அதுவே போதுமான சாட்சி.

மச்சான் தோற்றதாக ஒத்துக்கொள்ளவில்லை. பிளக்கில் ஏற்றும் மின்சாரக் கார் ஒன்றை வாங்கி, தகட்டை மொட்டைமாடிக்கு ஏற்றினான். மூன்று கிலோவாட், சுமார் 300 சதுர அடி. துணி காயப்போடும் கொடியை நகர்த்தியதில் என் மாமியாருக்கு இன்னும் வருத்தம். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். சராசரியாக நாளைக்கு 12 யூனிட் வருகிறது. கார் கூரையில் ஒன்றரை, வீட்டுக் கூரையில் பன்னிரண்டு. சூரியன் ஒன்றுதான், இடம்தான் வேறு. மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு வேண்டியது 143 யூனிட். மீதி 200-க்கு மேல் வீட்டுக்கு.

"பகலில் நீ ஆபீஸில், கார் ஆபீஸில், வெயில் வீட்டில். எப்படிச் சேரும்?" என்று கேட்டேன். அதற்குத்தான் நெட் மீட்டரிங். பகலில் விளைவதை மின் விநியோக நிறுவனமான பெஸ்காமுக்குக் கொடுத்து, இரவில் திரும்ப எடுத்துக்கொள்வது. மாதக் கடைசியில் வித்தியாசத்துக்கு மட்டும் பில். காகிதத்தில் அவன் கார் வெயிலில் ஓடுகிறது. கம்பியில் பார்த்தால், இரவு பதினோரு மணிக்கு அவன் காருக்குள் போவதில் ராய்ச்சூர் நிலக்கரியும் கலந்திருக்கும். பகலில் அவன் கொடுத்த மின்சாரம் யாரோ ஒருவரின் மிக்ஸியை ஓட்டியது என்பதும் உண்மைதான், ஆகவே அவனை அதிகம் சீண்டுவதில்லை.

தகடு போடாமல் மின்சாரக் கார் மட்டும் வாங்கும் கர்நாடகக்காரர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மாநில அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் இலவசம் மாதம் 200 யூனிட்டுக்குள் இருக்கும்வரைதான். தாண்டினால் முழு பில்லும் நம் தலையில். வீட்டுக்கு 110 யூனிட், காருக்கு 143 என்றால் முடிந்தது கதை. கார் தின்ற மின்சாரத்துக்கு மட்டுமல்ல, ஃபிரிட்ஜ் தின்றதற்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டினாலும் யூனிட் ஆறேழு ரூபாய், கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்க்குள் அடங்கும். பெட்ரோலின் எட்டு ரூபாய்க்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. வண்டி விலை நாலு லட்சம் கூடுதல் என்று வைத்தாலும், மாதம் 6,900 மிச்சத்தில் ஐந்து வருடத்துக்குள் சரியாகிவிடும்.

அப்புறம் நான் ஏன் வாங்கவில்லை? பிளக் இல்லை.

எங்கள் அடுக்குமாடியில் 42 வீடுகள். என் பார்க்கிங் தூணில் ஒரு 16 ஆம்பியர் பாயின்ட், என் மீட்டரிலிருந்து என் செலவில். கேட்டது அவ்வளவுதான். அசோசியேஷன் கூட்டத்தில் ஒருவர், "தீப்பிடித்தால் யார் பொறுப்பு?" என்றார். இன்னொருவர், "இன்று ஒருவர், நாளை 42 பேர் கேட்டால் டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா?" என்றார். இரண்டாவது கேள்வி நியாயமானது. முதல் கேள்வியைக் கேட்டவர் பார்க்கிங்கில் மூன்று காலி கேஸ் சிலிண்டரும் பழைய பெயின்ட் டப்பாக்களும் அடுக்கி வைத்திருப்பவர். மூன்று கூட்டம் ஆகிவிட்டது, மினிட்ஸில் 'பரிசீலனையில்' என்று இருக்கிறது. மொட்டைமாடியில் தகடா என்று கேட்க எனக்கு வாயே வரவில்லை. அங்கே 42 வீட்டின் தண்ணீர்த் தொட்டிகளும் டிஷ்களும் உட்கார்ந்திருக்கின்றன.

வெளியே போய் ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். யூனிட் 22 ரூபாய் போலப் பிடிக்கிறார்கள். கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய்க்கு மேல் வந்துவிடும். வீட்டு பிளக்கோடு மின்சாரக் கார் ஒரு ரகம், பிளக் இல்லாமல் அது வேறு ரகம். விளம்பரத்தில் முதல் ரகத்தின் கணக்கைத்தான் காட்டுகிறார்கள்.

ஆக, எனக்கு எஞ்சியது சிஎன்ஜி, அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு. கிலோ 90 ரூபாய் அளவில், நெரிசலிலும் 22 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு நாலு ரூபாய் சொச்சம், மாதம் 4,100. அதே காரின் பெட்ரோல் மாடலைவிட விலை ஒரு லட்சத்துக்குள்தான் கூடும். இரண்டு, இரண்டரை வருடத்தில் எடுத்துவிடலாம். மனைவியின் கேள்வி ஒன்றே ஒன்று: "டிக்கில சிலிண்டர் இருந்தா அரிசி மூட்டையை எங்க வைக்கிறது?" சேலம் போய்வந்தால் எங்களுக்கு 25 கிலோ அரிசி, தேங்காய், நல்லெண்ணெய் டின் எல்லாம் உண்டு. ஒரே பெரிய சிலிண்டர் வைத்த வண்டியில் டிக்கி போனது போனதுதான். டாடா, அப்புறம் மற்றவர்கள் கொண்டுவந்த இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் அவை அடியில் பதுங்கிவிடுகின்றன. ஷோரூமில் டிக்கியைத் திறந்து கையால் அளந்து பார்த்துவிட்டுத்தான் அவள் தலையாட்டினாள்.

சிஎன்ஜி பங்க்குக்கு ஒரு மாலை நண்பரின் வண்டியில் போனேன். பதினாறு ஆட்டோக்களுக்குப் பின்னால் நின்றோம். முறை வந்ததும் எல்லோரும் இறங்க வேண்டும். 200 பார் அழுத்தத்தில் வாயு ஏறும்போது உள்ளே யாரும் உட்காரக் கூடாது. கையில் தூங்கும் பிள்ளையோடு ஒரு அம்மா இறங்கி நின்றதைப் பார்த்தபோது, மலிவுக்கும் ஒரு விலை இருக்கிறது என்று தோன்றியது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டரைச் சோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும், அதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். இன்னொன்று: சிஎன்ஜி புகை குறைவு என்றாலும் பூமிக்கடியில் எடுப்பதுதான். குப்பையிலிருந்தும் எடுக்கலாம். இந்தூரில் 2022-இல் திறந்த ஆலை, தினம் 550 டன் ஈரக்குப்பையிலிருந்து 17,000 கிலோ வாயு எடுக்கும் அளவுக்குக் கட்டப்பட்டது. குப்பைக்குப் பஞ்சமில்லாத பெங்களூருவில் இருந்துகொண்டு இதை எழுதும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

கரும்பிலும் தானியத்திலும் வடிக்கும் எத்தனாலை நாங்கள் தேர்ந்தெடுக்கவே தேவையில்லை, ஏற்கெனவே பெட்ரோலில் கலந்து ஊற்றிவிட்டார்கள். 2003-இல் ஐந்து சதவீதத்தில் தொடங்கி, 2022-இல் பத்து, 2025-இல் இருபது. லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. என் வயது வண்டிகளுக்கு மைலேஜ் ஆறேழு சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. என் டைரிக் கணக்கும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. முழு எத்தனாலிலும் ஓடும் ஃப்ளெக்ஸ் இன்னோவா காரை 2023-இல் மத்திய அமைச்சர் கட்கரி அறிமுகப்படுத்தினார். வரட்டும். ஆனால் ஒரு கணக்கு என்னைத் தூங்கவிடவில்லை.

மண்டியாவில் ஒரு ஏக்கரில் நல்ல விளைச்சலுக்கு 40 டன் கரும்பு. டன்னுக்கு 70 லிட்டர் எத்தனால் என்றால் 2,800 லிட்டர். என் மாதிரி வண்டியில் வருடத்துக்கு 24,000 கிலோமீட்டர் ஓட்டலாம். இப்போது தும்கூரு மாவட்டத்துப் பாவகடாவுக்கு வாருங்கள். 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சோலார். ஏக்கருக்கு 158 கிலோவாட். வருடத்துக்கு இரண்டேகால் லட்சம் யூனிட். கம்பி நஷ்டத்தைக் கழித்தாலும் மின்சாரக் காரில் 14 லட்சம் கிலோமீட்டர். ஏறக்குறைய அறுபது மடங்கு! இரண்டும் அதே சூரியன்தான். ஆனால் கரும்பு இலை வெயிலில் ஒரு சதவீதத்தைச் சேமிக்கப் படாதபாடு படும், தகடு இருபதை எடுத்துவிடும். அதோடு கரும்புக்குக் காவிரித் தண்ணீர் வேண்டும், பாவகடாவோ மழை பொய்க்கும் பூமி. அங்கே நிலத்தை வாங்கவில்லை, ஏக்கருக்கு வருடம் 21,000 ரூபாய் குத்தகை என்று தொடங்கினார்கள். கரும்புக்காரர்களின் பதிலும் நியாயம்தான்: எத்தனாலைக் கேனில் ஊற்றி வைக்கலாம், வெயிலை வைக்க முடியாது. என் பழைய வண்டிக்கும் அது புரியும். நாட்டில் இப்போது மக்காச்சோளத்திலிருந்துதான் நிறைய வடிக்கிறார்கள், அது கோழித் தீவனத்தோடு போட்டி.

எங்கள் தெருவில் வரிசையாகப் புங்க மரங்கள். நாங்கள் இன்னமும் டாடா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில், பேராசிரியர் உடுப்பி ஸ்ரீநிவாசா புங்க விதை எண்ணெயில் டீசல் ஜெனரேட்டரை ஓட்டிக் காட்டினார், கிராமத்துப் பம்புசெட்டுக்கு. நல்ல யோசனை, இடம் தெரிந்த யோசனை. கம்மனஹள்ளிக் காருக்கு அது சரிப்படாது. தாத்தா காலத்துக் கரி பஸ்ஸும் அப்படித்தான். உலகப் போரில் பெட்ரோல் ரேஷன் வந்தபோது டிவிஎஸ் செய்துகொடுத்த, கரியிலிருந்து வாயு எடுக்கும் உலைகளோடு ஓடின. ரேஷன் போனதும் யாரும் அந்த உலையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹைட்ரஜனுக்கு ஒரு பத்தி போதும். 2022 மார்ச்சில் கட்கரி டொயோட்டாவின் ஹைட்ரஜன் காரான மிராயில் நாடாளுமன்றம் போனார், படம் நன்றாக இருந்தது. தண்ணீரைப் பிளந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50, 55 யூனிட் மின்சாரம் வேண்டும். அதில் கார் 100 கிலோமீட்டர் சொச்சம் போகும். அதே மின்சாரத்தை நேராக பேட்டரியில் ஏற்றினால் 350. லாரிக்கு, நெடுந்தூர பஸ்ஸுக்கு வேறு கணக்கு வரலாம். என் காருக்கு வேண்டாம்.

இரட்டைச் சிலிண்டர் வண்டியை முடிவு செய்துவிட்டோம். ஆடி கழியட்டும் என்று மனைவி சொல்லியிருக்கிறாள். மச்சான் தினமும் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் இன்வெர்ட்டர் ஆப்பின் படம் அனுப்புகிறான்: 13.1 யூனிட், 12.4 யூனிட். நேற்று காலையிலிருந்தே மூடாப்பு, சாரல். அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை.