ஒன்டாரியோ ஏரிக்கரையில் பழுதான தானியங்கி கேட்: எதைச் சீர்செய்யலாம், எதை மாற்ற வேண்டும்?

கனடாவில், ஒன்டாரியோ ஏரியின் வட கரையில், ஓக்வில், மிசிசாகா தொடங்கி ஸ்கார்பரோ, பிக்கரிங், ஏஜாக்ஸ் வரை, ஏரியை ஒட்டிய தெருக்களில் தானியங்கி கேட் வைத்த வீடுகள் பல உண்டு. அவற்றில் நம்மவர் வீடுகளும் அடக்கம். பனிக்காலத்தில் அந்தக் கேட் பாதியில் நின்றுவிட்டால், பழுதுபார்க்க வருபவர் சொல்லும் யோசனை ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர், ஏற்கெனவே இருக்கும் ஹைட்ராலிக் ஆர்மை, அதாவது எண்ணெய் அழுத்தத்தால் கதவைத் தள்ளும் கையை, பிரித்து, கசிவைத் தடுக்கும் ரப்பர் சீலை மாற்றினால் போதும் என்பார். இன்னொருவர் அதைக் கழற்றிவிட்டு 24 வோல்ட் ஸ்குரூ ஆர்ம் போடச் சொல்வார். வேறொருவர் கண்ணுக்குத் தெரியாதபடி நிலத்துக்குள் புதைக்கும் மோட்டாரைப் பரிந்துரைப்பார். மூன்றும் நல்ல பொறிகள்தாம் என்றாலும், இந்தக் கரையின் காலநிலையில் மூன்றும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

இங்கே கேட்டைக் கெடுப்பது குளிரைவிட ஈரம்தான். ஒன்டாரியோ ஏரியின் சராசரி ஆழம் 86 மீட்டர், மிக ஆழமான இடத்தில் 244 மீட்டர். அவ்வளவு நீர் கோடையின் வெப்பத்தைத் தேக்கி வைத்திருப்பதால் ஏரி முழுவதும் உறைவது மிக அரிது. குளிர்காலம் முழுக்கத் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஈரம் காற்றில் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஏரிக்கரையில் இல்லாத வினிபெக் போன்ற நகரில் வெப்பநிலை வாரக்கணக்கில் உறைநிலைக்குக் கீழேயே கிடக்கும், காற்றும் வறண்டிருக்கும். இந்தக் கரையிலோ பகலில் இரண்டு டிகிரிக்கு ஏறி, இரவில் மைனஸ் ஐந்துக்கு இறங்கி, மறுநாள் மீண்டும் உருகும். உறையும் நீர் சுமார் 9 சதவீதம் விரிவதால், இடுக்கில் தங்கிய சிறிதளவு நீர் ஒவ்வொரு முறை உறையும்போதும் அந்த இடுக்கைக் கொஞ்சம் அகலப்படுத்திவிட்டு, உருகும்போது இன்னும் உள்ளே இறங்குகிறது. ஆகவே விளம்பரத் தாளில் மைனஸ் நாற்பது வரை இயங்கும் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி இங்கே ஒரு மோட்டாரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது; அதன் உள்ளே நீர் எப்படிப் புகும், புகுந்த நீர் எப்படி வெளியேறும் என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

மோட்டாரைப் பற்றிப் பேசுமுன் கேட்டையே சோதிக்க வேண்டும். சாவியைப் போட்டு மோட்டாரின் பிடியை விடுவித்து, கதவை ஒரு கையால் தள்ளிப் பாருங்கள். எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும். தானாகவே ஒரு பக்கம் ஓடினால் தூண் சாய்ந்திருக்கிறது, நடுவில் தள்ளக் கனமாக இருந்தால் கீல் துருப்பிடித்திருக்கிறது. தென் ஒன்டாரியோவில் தூணின் அடித்தளம் நிலம் உறையும் ஆழத்துக்குக் கீழே, பொதுவாக 1.2 மீட்டர் வரை, இறங்க வேண்டும். அதைவிட ஆழம் குறைவாகப் போட்ட கான்கிரீட்டை உறையும் மண் ஒவ்வோர் ஆண்டும் சற்றே மேலே தூக்கும். வசந்தத்தில் அது பழைய இடத்துக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. இப்படிச் சாய்ந்த தூணில் எவ்வளவு விலையுயர்ந்த புது மோட்டாரைப் பொருத்தினாலும் அது தன் ஆயுளைக் கதவைத் தூக்குவதிலேயே கழிக்கும்.

இனி ஆர்ம்களுக்கு வருவோம். ஹைட்ராலிக் ஆர்மில் பம்ப், பிஸ்டன், வால்வு எல்லாம் எண்ணெயில் மூழ்கியே இருப்பதால் உள்ளுறுப்புகள் துருப்பிடிப்பதில்லை. ஏரிக்கரைக்கு இது பெரிய தகுதி. கனமான இரும்புக் கதவையும் ஏரியிலிருந்து அடிக்கும் காற்றையும் அது சலனமின்றித் தாங்கும். அதன் பலவீனம் வெளியே நீளும் பிஸ்டன் தண்டில் இருக்கிறது. காரின் சக்கரத்திலிருந்து தெறிக்கும் சாலை உப்பு அந்தத் தண்டில் படிந்து நுண்ணிய குழிகளை உண்டாக்க, தண்டு ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் அந்தக் குழிகளின் விளிம்பு ரப்பர் சீலை அரம் போல அறுக்கிறது. பிறகு எண்ணெய் வெளியே கசிகிறது, ஈரம் உள்ளே போகிறது. வடித்தெடுத்த எண்ணெய் பால் கலந்த தேநீரைப் போல வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் மேலே கொஞ்சம் புது எண்ணெய் ஊற்றுவது பழுதுபார்ப்பு ஆகாது.

குளிரில் எண்ணெய் தடித்துக் கதவு மெதுவாக நகரும் என்ற புகாரைப் பலரும் ஹைட்ராலிக்கின் தோல்வியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பல சமயம் பழுது ஆர்மில் இருப்பதில்லை. பழைய ஹைட்ராலிக் கேட்டுகளில் கட்டுப்பாட்டுப் பெட்டி கதவு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை. இத்தனை விநாடி ஓடு என்று நேரத்தை மட்டும் கணக்கிடுகிறது. கோடையில் 15 விநாடியில் மூடிய கதவு, தடித்த எண்ணெயோடு 20 விநாடி எடுத்தால், நேரம் முடிந்ததும் மோட்டார் நின்றுவிடும், கதவு ஒரு சாண் திறந்தபடியே இருக்கும். ஓடும் நேரத்தைச் சற்றுக் கூட்டி, தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் குளிர்கால எண்ணெயை மாற்றினால் இது தீர்ந்துவிடும். ஏரி குளிரின் கடுமையைத் தணிக்கும் இந்தக் கரையில் எண்ணெய் சூடேற்றிகூடப் பல வீடுகளுக்குத் தேவைப்படாது.

ஸ்குரூ ஆர்ம் இதற்கு நேர்மாறானது. நீண்ட திருகு ஒன்று சுழல, அதன்மேல் ஏறியிறங்கும் நட்டு கதவைத் தள்ளுகிறது. எண்ணெய் கிடையாது, கசிவும் கிடையாது. 24 வோல்ட் நேர்மின்னோட்ட (டி.சி.) மோட்டார் என்பதால் மின்தடையின்போது பேட்டரியில் ஓடும். இழுக்கும் மின்னோட்டத்தை அளந்து தடையை உணரும். உதிரி நட்டும் கியரும் தனித்தனியே கிடைக்கும். ஆனால் ஈரம் இதன் குழாய்க்குள் தங்கினால் அங்கேயே உறைந்து தண்டைப் பிடித்துக்கொள்ளும். குழாயின் அடியில் உள்ள வடிகால் துளை சேற்றாலோ சிலந்திக் கூட்டாலோ அடைபட்டிருப்பதும், பொருத்தியவர் துளை மேலே வரும்படி ஆர்மைப் புரட்டி மாட்டியிருப்பதும் அடிக்கடி காணும் காரணங்கள். இவற்றுக்குப் புது ஆர்ம் தேவையில்லை: துளையைத் திறந்து, உள்ளே உலர்த்தி, தடித்துப்போன சாதாரண கிரீஸை முழுவதும் துடைத்தெடுத்து, குறைந்த வெப்பநிலைக்கு உரிய செயற்கை கிரீஸ் இட்டு, தண்டின் வாயில் இருக்கும் துடைப்பு சீலை மாற்றினால் போதும். துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டுப் போவது மட்டும் வேண்டாம். அது இருக்கும் கிரீஸையும் கரைத்துவிட்டுச் சில வாரங்களில் காய்ந்துவிடும்.

நிலத்தடி மோட்டாரை இந்தக் கரையில் நான் பரிந்துரைக்க மாட்டேன். அழகில் அதற்கு ஈடில்லை என்பது உண்மை. ஆனால் கதவின் கீலுக்கு நேர் கீழே ஒரு இரும்புப் பெட்டியைப் புதைத்து அதற்குள் மோட்டாரை வைப்பதென்றால், வாகனப் பாதையில் உருகி ஓடும் உப்புநீர் முழுவதும் அந்தப் பெட்டியைத் தேடித்தான் வரும். அதன் வடிகுழாய் உறையாத ஆழத்தில், நீர் தாராளமாக இறங்கக்கூடிய இடத்தில் முடிய வேண்டும். களிமண் நிலத்திலும் நிலத்தடி நீர் மேலாக நிற்கும் கரையோர மனைகளிலும் அது இறங்குவதற்குப் பதிலாகத் திரும்பி ஏறுகிறது. ஜனவரியில் பெட்டியின் மூடியைத் திறந்தால், மோட்டாரைக் கதவோடு இணைக்கும் தண்டின் வளைவு வரை கண்ணாடி போன்ற பனிக்கட்டி நிற்பதைக் காணலாம். ஏற்கெனவே நிலத்தடி மோட்டார் இருந்து, பேரிங் போயிருந்தால், அதே இடத்தில் புதிதாக ஒன்றை வைப்பதைவிடத் தரைக்கு மேலே ஆர்ம் முறைக்கு மாறுவதே நலம்.

மற்ற இரண்டுக்கும் இடையே என் தேர்வு இதுதான். இருக்கும் ஹைட்ராலிக் ஆர்மின் தண்டில் குழி விழாமல் சீல் மட்டும் தேய்ந்திருந்தால், அதையே சீர்செய்து எண்ணெய் மாற்றுங்கள். நல்ல இரும்பைத் தூக்கியெறியத் தேவையில்லை. தண்டே குழி விழுந்திருந்தால் புது சீல் ஓரிரு குளிர்காலத்துக்கு மேல் நிற்காது. அப்போது, கதவின் எடை அனுமதித்தால், 24 வோல்ட் ஸ்குரூ ஆர்முக்கு மாறுவது நல்லது. மிகக் கனமான கதவானால் புது ஹைட்ராலிக்கே சரி. பாதையில் பனியைத் தள்ளிக் குவிக்க இடமில்லாமல் கதவு திறக்கும் வட்டத்திலேயே அது குவிகிறதென்றால், பக்கவாட்டில் நகரும் கேட்டைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் தரைத் தண்டவாளம் இல்லாத, அந்தரத்தில் நகரும் வகையையே கேளுங்கள், ஏனெனில் தண்டவாளத்தின் பள்ளம் முதல் உறைமழையிலேயே பனியால் நிரம்பிவிடும்.

ஆர்மைவிட அதிகமாக இந்தக் கரையில் சாவது சர்க்யூட் போர்டுதான். நவம்பர் கடைசியில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள்: மூடியின் உட்பக்கம் முத்து முத்தாக நீர்த்துளிகள், டெர்மினல் திருகுகளில் பச்சைப் படிவு, அடியில் கம்பிக் குழாயின் வாயைச் சுற்றி வெள்ளை உறைபனி வளையம். அந்த வளையம்தான் சாட்சி. மழை மேலிருந்து ஒழுகவில்லை. வீட்டின் அடித்தளத்திலிருந்தோ மண்ணுக்கடியிலிருந்தோ வெதுவெதுப்பான ஈரக்காற்று குழாய் வழியே ஏறி, குளிர்ந்த பெட்டியில் நீராகப் படிகிறது. இதை அறியாமல் மூடியின் விளிம்புக்கு மட்டும் சிலிகான் பூசுவோர், உள்ளே வந்த ஈரத்தை வெளியேற விடாமல் அடைத்துவிடுகிறார்கள். குழாயின் வாயை அதற்குரிய அடைப்புப் பசை கொண்டு அடைப்பது, பெட்டியின் அடியில் வலை வைத்த துளை ஒன்று விடுவது, தெர்மோஸ்டாட் உள்ள சிறு சூடேற்றி ஒன்றை வைப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பலன் உண்டு. படிவு மேலோட்டமாக இருந்தால் மின்சாரத்தைத் துண்டித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் போர்டைக் கழுவி உலர்த்தலாம். சிப்புகளின் கால்களுக்கு அடியில் பச்சை ஏறியிருந்தால் போர்டை மாற்றிவிடுவதே முறை. அதைச் சுரண்டிச் சரிசெய்தவர்கள் மறுபடியும் பனி நாளிலேயே வாசலில் நிற்க நேர்கிறது.

மின்சாரத்துக்கு வீட்டு இணைப்பா, சூரியத் தகடா என்ற கேள்விக்கு இங்கே நீண்ட விவாதம் தேவையில்லை. டிசம்பரில் டொராண்டோ பகுதியில் பகல் சுமார் 9 மணி நேரம்தான், அதிலும் மேகமூட்டமே அதிகம், தகட்டின் மேல் பனி வேறு. மைனஸ் 18 டிகிரியில் ஈய-அமில பேட்டரி தன் கொள்ளளவில் ஏறக்குறைய பாதியைத்தான் தரும். தகடு கோடைக்குடிலுக்குப் போதும்; ஆண்டு முழுவதும் புழங்கும் வீட்டுக்கு மின் இணைப்பை இழுப்பதே நல்லது. இழுக்கும்போது கம்பியின் தடிமனைக் கவனியுங்கள். 14 கேஜ் செப்புக் கம்பியில் 24 வோல்ட்டை 30 மீட்டர் கொண்டுபோனால், போக வர 60 மீட்டருக்குச் சுமார் அரை ஓம் தடை. மோட்டார் 10 ஆம்பியர் இழுத்தால் 5 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். மீதி 19 வோல்ட்டில் குளிர்ந்த கியரை மோட்டார் தள்ளத் திணறுவதைப் பார்த்து, மோட்டாரே கெட்டுவிட்டதாக முடிவுகட்டி மாற்றியவர்கள் உண்டு. மின் வேலையை ஒன்டாரியோவில் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரிடம் கொடுங்கள்; மண்ணைத் தோண்டுவதற்கு முன் ஒன்டாரியோ ஒன் கால் சேவைக்குத் தெரிவித்து, நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் அடையாளமிடச் செய்வது சட்டப்படி கட்டாயம்.

கதவின் வழியில் ஆளோ காரோ இருந்தால் ஒளிக்கதிரால் உணரும் பாதுகாப்புக் கண்களில், எதிரெதிரே அனுப்பியும் வாங்கியும் வைக்கும் வகையையே தேர்ந்தெடுங்கள். ஒரு பக்கம் கண்ணும் மறுபக்கம் பிரதிபலிப்பானும் உள்ள வகை வாங்கும்போது மலிவு; ஆனால் ஒளி போய்த் திரும்ப வேண்டியிருப்பதால் பிரதிபலிப்பானில் படியும் மெல்லிய உறைபனிகூட அதை ஏமாற்றிவிடும். காரை உணர்வதற்காகப் பாதைக்குள் வளையமாகப் பதித்த லூப் கம்பி நிலம் எழும்பித் தாழ்வதால் அறுந்திருந்தால், அதைத் துண்டு துண்டாக ஒட்டவைக்காமல், வசந்தத்தில் புதிதாக வெட்டிப் பதியுங்கள்.

எல்லாவற்றையும்விட ஒன்றை மிகுந்த கவலையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. கனத்துப்போன கதவு பாதியில் நின்று திரும்பும்போது, பழுதுபார்ப்பவர் தள்ளும் விசையைக் கூட்டிவிட்டு, சரியாகிவிட்டது என்று போய்விடுவதுண்டு. கதவு அன்று மூடும். ஏப்ரலில் பனி போய்க் கீல் இலகுவானதும், கூட்டிய அதே விசையோடு அந்தக் கதவு குழந்தைகள் சைக்கிள் ஓட்டும் பாதையில் மூடிக்கொண்டிருக்கும். வட அமெரிக்காவில் கேட் மோட்டார்களுக்கான யு.எல். 325 தரநிலை, 2016 ஜனவரி முதல், சிக்கிக்கொள்ளக்கூடிய ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்றையொன்று சாராத இரண்டு பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கேட்கிறது. அதற்கு முந்தைய போர்டுகள் பலவற்றில், பாதுகாப்புக் கண்ணின் கம்பி அறுந்தாலும் கதவு ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். பழைய போர்டைச் சீர்செய்வதா, புதியதை வாங்குவதா என்று தயங்குவோருக்கு, வீட்டில் சிறுவர்கள் இருந்தால், என் பதில் எப்போதும் புதியதுதான். விலையில் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

கையால் திறக்கும் பூட்டையும் மறந்துவிட வேண்டாம். 2013 டிசம்பரில் டொராண்டோவைத் தாக்கிய உறைமழைப் புயலில் லட்சக்கணக்கான வீடுகள் மின்சாரமின்றி இருந்தன. அப்படி ஒரு நாளில் மோட்டாரின் சாவித் துளைக்குள் பனி இறுகியிருந்தால் பேட்டரியும் தீர்ந்த பிறகு கார் உள்ளேயே கிடக்கும். சாவித் துளைக்கு மூடி உள்ள மாடலைத் தேர்ந்தெடுப்பதும், ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அதில் கிராஃபைட் தூள் இட்டு ஒருமுறை திறந்து பார்ப்பதும் சில நிமிட வேலைதான். தூண், லூப், கம்பி என்று மண்ணைத் தொடும் வேலைகளை அக்டோபர் நடுப்பகுதிக்குள் முடித்துவிடுங்கள். சீல், கிரீஸ், பெட்டிச் சூடேற்றி ஆகியவை நவம்பர் முதல் வாரம் வரை காத்திருக்கும்.