பூஞ்சை பிடித்துக் கிடந்த பிக் கிரீன் எக்: சுத்தம் செய்ததும் அதன் பிறகான வருடங்களும்

அமெரிக்காவில் அட்லாண்டா பக்கம் பழைய வீடு வாங்கினால் சில சமயம் பின்கட்டில் பிக் கிரீன் எக் என்ற முட்டை வடிவப் பச்சைக் கரி அடுப்பும் சேர்ந்தே வரும். 'லார்ஜ்' அளவு அடுப்பே 162 பவுண்டு, அதாவது சுமார் 73 கிலோ. கீழே விழுந்தால் உடைகிற செராமிக் வேறு. வீடு மாறுகிறவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போகத் தயங்குவது நியாயம்தான். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. முந்தைய வீட்டுக்காரர் உறை போட்டு மூடி வைத்திருந்தார். கடைசியாக எப்போது பற்ற வைத்தோம் என்பதே அவருக்கு நினைவில் இல்லை.

அதைச் சுத்தம் செய்து, சில குளிர்காலங்களும் கடந்துவிட்டன. அநேகமாக எல்லா வாரக் கடைசியிலும் அதில் சமையல் நடக்கிறது. இந்த அடுப்பை எப்படிச் சுத்தம் செய்வது என்று யாரைக் கேட்டாலும் "கரியைக் கொட்டி முழுச் சூட்டில் எரிய விடுங்கள், எல்லாம் சாம்பலாகிவிடும்" என்றுதான் சொல்வார்கள். அன்றாடம் புழங்குகிற அடுப்புக்கு அது சரி. வருடக்கணக்கில் கிடந்த அடுப்புக்கு அது போதாது, ஆபத்தும்கூட. நெருப்பு சுத்தம் செய்வது பிசுக்கை மட்டும்தான். சாம்பலையும் ஈரத்தையும் அதற்கு முன்னாலேயே நாம் வெளியேற்றியாக வேண்டும். எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்ற வரிசைதான் இதில் முக்கியம் என்பது என் அனுபவம்.

இந்த அடுப்பின் மூலம் ஜப்பான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் அந்த ஊர் மண் அடுப்புகளை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். எட் ஃபிஷர் என்பவர் 1974இல் அட்லாண்டாவில் கடை போட்டு அவற்றை விற்கத் தொடங்கினார். களிமண் அடுப்புகள் சூட்டிலும் மழையிலும் விரிசல் விட்டதால் பிறகு செராமிக்குக்கு மாறினார், அதுதான் இந்த பிக் கிரீன் எக். சுவர் கனமாக இருப்பதால் சூடு உள்ளேயே தங்கும், கொஞ்சம் கரியிலேயே மணிக்கணக்கில் எரியும். ஆனால் வெளியே பச்சைப் பளபளப்பு இருக்கிற அளவுக்கு உள்ளே எதுவும் கிடையாது. உட்புறம் பூச்சு இல்லாத, நுண்துளைகள் உள்ள செராமிக். தண்ணீர், சோப்பு, எண்ணெய் எது பட்டாலும் குடித்துக்கொள்ளும்.

மூடியைத் திறப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மூடியையும் அடிப்பாகத்தையும் பிடித்திருக்கும் இரும்புப் பட்டைகளின் போல்ட்டுகளைப் பார்க்க வேண்டும். நாள்பட்ட அடுப்பில் இவை தளர்ந்திருக்கும். தளர்ந்த பட்டையோடு வேகமாகத் திறந்தால் மூடி நழுவித் தரையில் விழும். அதோடு கதை முடிந்தது. எங்கள் அடுப்பிலும் மேல் பட்டை கையால் அசைக்கும் அளவுக்கு இருந்தது. மூடியைத் திறக்காமல், அது நேராக உட்கார்ந்திருக்கும்போதே இரண்டு பக்கமும் மாறி மாறி ஸ்பேனரால் முடுக்கினேன்.

உள்ளே கம்பித் தட்டு முழுவதும் சாம்பல் நிறத்தில் பூஞ்சை, பஞ்சு ஒட்டி வைத்தது போல. மிச்சக் கரியின் மேலும் வெள்ளைப் படலம். மூடியின் உட்புறத்தில் கறுப்புச் செதில்கள் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தன. பெயிண்ட் உரிகிறது என்று இதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். உள்ளே பெயிண்டே கிடையாது. அது பல வருடப் புகையும் கொழுப்பும் காய்ந்து படிந்த கரி. மேலே காற்றைக் கட்டுப்படுத்தும் வார்ப்பிரும்புச் சக்கரம் துருவும் பிசினுமாக இறுகி, திருப்பவே முடியவில்லை.

பூஞ்சை வந்த காரணம் எளிமையானது. அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலக் கோடையின் ஈரப்பதம், தட்டில் மிஞ்சிய கொழுப்பு, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் கரி, எல்லாத் துளைகளையும் அடைத்த மூடி, அதற்கு மேல் உறை. இத்தனையும் சேர்ந்தால் எந்த அடுப்பிலும் வரும். N95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு கம்பித் தட்டை வெளியே எடுத்தேன். பழைய கரி முழுவதும் குப்பைக்குப் போனது. பூஞ்சை பிடித்த கரியைப் பற்ற வைத்துப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். ஒரு மூட்டைக் கரியின் விலைக்காக அந்தப் புகையை இழுக்க வேண்டியதில்லை.

நண்பர் ஒருவர் போனில், "அண்ணே, பிரஷர் வாஷர் இருக்குல்ல? ஒரே அடி, புதுசாயிடும்" என்றார். காருக்குச் சரி, இதற்குக் கூடாது. செராமிக் குடித்த தண்ணீர் உள்ளேயே நிற்கும். அதே நிலையில் பெரிய நெருப்பு மூட்டினால் ஆவி வெளியேற வழியில்லாமல் விரிசல் விடலாம். குளிர்காலத்தில் உறைந்தாலும் அதே கதி. சோப்புத் தண்ணீரென்றால் அந்த வாடை அடுத்த சமையலில் வரும். வெளிப்புறத்தை மட்டும் ஈரத் துணியால் துடைக்கலாம், அங்கே பூச்சு இருக்கிறது. அந்தப் பூச்சில் சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் தெரிந்தால் கவலைப்பட வேண்டாம், மேலோட்டமானவைதான்.

இனி, நான் அதிக நேரம் செலவிட்ட இடம். கரி போடும் உள்கலத்தை வெளியே தூக்கினால், அதற்கும் வெளிச்சுவருக்கும் நடுவே ஒரு சந்து தெரியும். கீழ்க்கதவு வழியாக வரும் காற்று இந்தச் சந்திலும் புகுந்துதான் உள்கலத்தின் துளைகளுக்குப் போகிறது. சாதாரணமாகச் சாம்பல் வாரும்போது கை அங்கே எட்டாது. எங்கள் அடுப்பில் அந்தச் சந்து சுற்றிலும் சாம்பலால் நிரம்பி, ஈரம் பட்டுக் கெட்டியாகி, சிமெண்ட் பூசியது மாதிரி இறுகி நின்றது. துளைகளில் பாதிக்கு மேல் அடைப்பு. "இந்த அடுப்பு சூடே ஏற மாட்டேங்குது" என்று பலர் சொல்வதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கரியை மாற்றிப் பார்ப்பார்கள், தெர்மாமீட்டரைச் சந்தேகப்படுவார்கள், உள்கலத்தைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள்.

மரக் கரண்டியாலும் பழைய பெயிண்ட் பிரஷ்ஷாலும் அந்தச் சாம்பலை உடைத்து, கீழ்க்கதவு வழியாகத் தள்ளி வெளியே எடுத்தேன். இதற்கும் தண்ணீர் ஊற்றக் கூடாது. மரச் சாம்பல் காரத்தன்மை உள்ளது, நனைந்தால் கையை அரிக்கும். வாரிய சாம்பல் மூடி போட்ட தகர வாளிக்குத்தான் போக வேண்டும். என் அடுப்பு ஆறிப்போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, அதனால் பயமில்லை. ஆனால் பயன்பாட்டில் இருக்கிற அடுப்பின் சாம்பலுக்குள் கங்கு நாள் கணக்கில் உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியிலோ வேக்குவம் கிளீனரிலோ போட்டால் வீட்டுக்கே ஆபத்து. திரும்ப வைக்கும்போது உள்கலத்தின் அடிவாய் கீழ்க்கதவுக்கு நேராக வர வேண்டும். கொஞ்சம் திரும்பியிருந்தாலும் காற்று தடைபடும்.

அடுத்தது உலர்த்துவது. கொஞ்சம் கரி போட்டு, கீழ்க்கதவை விரலளவுக்குத் திறந்து, 250 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டாமல், அதாவது சுமார் 120 செல்சியஸில், ஒரு மதியம் முழுக்க வைத்தேன். முதலில் தெர்மாமீட்டர் முள் ஏறவே இல்லை. ஈரம் குடித்த செராமிக் சூட்டையெல்லாம் அந்த ஈரத்தை ஓட்டுவதற்கே செலவழிக்கும். மேல் துளை வழியாகப் பழைய நிலவறை வாடையோடு வெள்ளை ஆவி வந்துகொண்டே இருந்தது. அது நின்று, முள் தானாக நிதானமாக ஏறத் தொடங்கிய பிறகுதான் செராமிக் காய்ந்தது என்று எடுத்துக்கொண்டேன். அவசரப்படக் கூடாத கட்டம் இதுதான்.

முழுச் சூட்டு வேலையை மறுநாள் வைத்துக்கொண்டேன். உள்கலத்தின் விளிம்பு வரைக்கும் மரக்கரி. கரித்தூளை அழுத்திச் செய்த பிரிக்கெட் கட்டிகள் வேண்டாம், சாம்பல் அதிகம். பற்ற வைக்கும் திரவம் கூடவே கூடாது, செராமிக் அதையும் குடித்துக்கொள்ளும். மேலும் கீழும் திறந்துவிட்டு, 600 டிகிரி ஃபாரன்ஹீட்டில், சுமார் 315 செல்சியஸில், ஒரு மணி நேரம் போல நிறுத்தினேன். சூடு பரப்பும் செராமிக் பலகையை, பிசுக்குப் பிடித்த பக்கம் நெருப்பைப் பார்க்கும்படி கவிழ்த்து வைத்தால் அதுவும் சேர்ந்தே எரிந்து வெளுத்துவிடும். இன்னும் மேலே, எழுநூறு, எண்ணூறு என்று ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் கூடுதலாக எதுவும் சுத்தமாவதில்லை. உள்கலத்துக்கும் மூடி விளிம்பில் இருக்கும் கேஸ்கெட் பட்டைக்கும்தான் கேடு.

இந்தச் சூட்டில் மூடியை ஒரேயடியாகத் திறக்கக் கூடாது. உள்ளே காற்றுக்கு ஏங்கிக்கொண்டிருக்கும் நெருப்பு, புதுக் காற்று பட்டதும் குபீரென்று முகத்துக்கு நேராகப் பாயும். இரண்டு அங்குலம் தூக்கி, சில நொடி பிடித்து, மறுபடி இறக்கி, அப்புறம்தான் முழுதாகத் திறக்க வேண்டும். நீண்ட தோல் கையுறை அவசியம். இத்தனையும் வெளிமுற்றத்தில்தான், கரிப்புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு, கார் ஷெட்டுக்குள் வைத்துச் செய்யாதீர்கள்.

நன்றாக ஆறிய பிறகு மூடியின் உட்புறத்தை அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டிய பந்தால் தேய்த்தேன். செதில்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. மேற்கொண்டு வெள்ளையாக்க முயலவில்லை, தேவையும் இல்லை. விரலை வைத்தால் ஒட்டாமல், காய்ந்து, மங்கலான கறுப்பாக இருந்தால் அது ஆரோக்கியமான அடுப்பு. பளபளவென்று ஈரக் கறுப்பாக இருந்தால்தான் இன்னும் பிசுக்கு இருக்கிறது என்று பொருள்.

கம்பித் தட்டுக்கும் அதே அலுமினியப் பந்துதான். இரும்புக் கம்பி பிரஷ்ஷை நான் தொடுவதில்லை. அதன் கம்பி ஒன்று முறிந்து தட்டில் ஒட்டிக்கொண்டால் உணவோடு தொண்டைக்கும் குடலுக்கும் போய்விடும். ரோட் ஐலண்ட் மாநிலத்தில் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இல் அறிக்கையே வெளியிட்டது. குழந்தைகள் சாப்பிடும் வீட்டில் இந்த அபாயத்தை வாங்கிக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை. மேல் சக்கரத்தையும் நெருப்போடு சேர்த்துக் காய்ச்சியதில் பிசின் எரிந்து தானாகக் கழன்றது. துருவைத் தேய்த்து, தோசைக்கல்லைப் பழக்குவது மாதிரி எண்ணெய் தடவிச் சூடேற்றி வைத்தேன்.

மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் இடையில் இருக்கும் கேஸ்கெட் பட்டையைக் கடைசியில்தான் மாற்ற வேண்டும். முதலிலேயே புதிது ஒட்டினால் முழுச் சூட்டில் அதுவும் பழசாகிவிடும். பழையதைப் பட்டி பார்க்கும் தகட்டால் சுரண்டி, ஒட்டியிருந்த பசையை அசிட்டோனால் துடைத்தேன். அசிட்டோன் சட்டெனத் தீப்பிடிக்கும். அடுப்பு முழுதாக ஆறியிருக்க வேண்டும், வாடை போகும் வரை நெருப்பே கூடாது. நோமெக்ஸ் என்ற சூடு தாங்கும் இழையால் ஆன புதுப் பட்டையை இழுக்காமல் ஒட்ட வேண்டும், இழுத்து ஒட்டினால் பிறகு சுருங்கி இடைவெளி விடும். ஒட்டியதும் மூடியை மூடி ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டேன்.

தெர்மாமீட்டரைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்துச் சரிபார்த்தேன். அட்லாண்டா கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடி உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 212க்குப் பதிலாகச் சுமார் 210 டிகிரி ஃபாரன்ஹீட்டிலேயே கொதித்துவிடும். பின்னால் இருக்கும் நட்டைத் திருப்பினால் முள் சரியான இடத்துக்கு வந்துவிடும்.

இத்தனை காலப் பயன்பாட்டில் எது நிலைத்தது என்று பார்த்தால், பூஞ்சை திரும்பி வரவே இல்லை. கேஸ்கெட் மட்டும் முன்பக்கம், புகை அதிகம் படும் இடத்தில், இறுகிக் கறுத்துவிட்டது. ஆனாலும் சூடு பிடிப்பதில் குறை இல்லை, அதனால் மாற்றவில்லை. முழுச் சூட்டு வேலையை அடிக்கடி செய்வதில்லை. நாண் சுடும் நாட்களில் அடுப்பு எப்படியும் நன்றாக ஏறிவிடுகிறது, அதுவே போதும். உள்கலத்தை வெளியே தூக்கி அந்தச் சந்தில் இருக்கும் சாம்பலை வாருவதை மட்டும் வசந்தத்திலும் குளிர்காலத்துக்கு முன்பும் தவறாமல் செய்கிறேன். பற்ற வைத்தால் அரை மணிக்குள் வஞ்சிரத் துண்டு போடும் சூடு வந்துவிடுகிறது. மீனில் பழைய வாடை எதுவும் இல்லை.

கோடையில் ஊருக்குப் போகும்போது கரியைக் காலி செய்து, தட்டைத் துடைத்து வீட்டுக்குள் வைத்துவிடுவேன். மழை படாத கூரைக்குக் கீழே, மேலும் கீழும் காற்றுத் துளைகளைக் கொஞ்சம் திறந்துவிட்டு, உறை போடாமல் விட்டுப் போவது வழக்கம். உறையைவிடக் காற்றோட்டம்தான் இந்த அடுப்பைக் காப்பாற்றுகிறது.

பழைய அடுப்பு வாங்க நினைப்பவர்கள் விலை பேசுவதற்கு முன் உள்கலத்தைத் தூக்கிப் பாருங்கள். செராமிக் பாகங்களுக்கான வாழ்நாள் உத்தரவாதம் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே, உங்களுக்கு வராது. உள்கலத்தில் விரிசல் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அது தனியாகக் கிடைக்கும், விரிசலோடும் பல காலம் ஓடும். வெளிச்சுவரில், உள்ளேயும் வெளியேயும் தெரிகிற விரிசல் இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்க வேண்டாம்.