ஹெட்லைட் பல்பு போனால் எதை மாட்டுவது: சாதா ஹாலோஜனா, நூறு வாட்டா, எல்இடியா?

வள்ளியூரில் ஒரு கல்யாண வரவேற்பை முடித்துக்கொண்டு இரவில் பாளையங்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, நாங்குநேரியைத் தாண்டியதும் என் காரின் வலப்பக்க ஹெட்லைட் அணைந்துவிட்டது. பிரைட் போட்டால் எரிந்தது, டிம்மில் எரியவில்லை. நான்கு வழிச்சாலையில் நடுத்தடுப்பு இருந்ததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் வந்த எனக்கு, ஊருக்குள் திரும்பும் ஒற்றைச் சாலையில்தான் உறைத்தது. இடப்பக்க விளக்கு மட்டும் தெரிந்ததால், எதிரே வந்தவர் ஓரமாக ஒரு பைக் வருவதாக எண்ணிக்கொண்டு நடுச்சாலைக்கு ஏறி, என் கதவுக் கண்ணாடியை உரசுகிற தூரத்தில் விலகிப் போனார்.

மறுநாள் வண்ணார்பேட்டையில் ஒரு ஸ்பேர் கடைக்குப் போனபோது, டிம், பிரைட் இரண்டுக்குமான ஒரே ஹெச்4 ரகப் பல்புக்கு மேசையில் நான்கு விதமான டப்பாக்கள் வந்து உட்கார்ந்தன. சாதா ஹாலோஜன், ‘கூடுதல் வெளிச்சம்’ என்று அச்சிட்ட விலை கூடிய ஹாலோஜன், 100/90 வாட் (பிரைட்டுக்கு 100, டிம்முக்கு 90), விசிறி வைத்த எல்இடி ஆகியவை அவை. இவற்றில் சிலவற்றை நானே மாட்டிப் பார்த்திருக்கிறேன், மற்றவற்றை உறவினர் கார்களில் ஓட்டியிருக்கிறேன்.

எதையும் வாங்குவதற்கு முன் போனது பல்புதானா என்று உறுதி செய்துகொள்வது அவசியம். ஹெச்4 பல்புக்குள் டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட் என இரண்டு இழைகள் இருப்பதால், ஒன்று எரிந்து மற்றொன்று எரியாவிட்டால் பெரும்பாலும் இழை அறுந்திருக்கும். பல்பைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அறுந்த முனை கண்ணுக்கே தெரியும். ஒரே பக்கத்தில் டிம், பிரைட் இரண்டும் எரியவில்லை என்றால் பல்பின் பின்னால் சொருகும் ஒயர் முனையான கப்ளரையும் எர்த் இணைப்பையும் முதலில் பார்க்க வேண்டும். உவரி, கூடங்குளம் போன்ற கடலோர ஊர்களில் நிற்கும் கார்களில் உப்புக்காற்றுப் பட்டு அந்த முனைகளில் பச்சை பூத்திருப்பது சாதாரணம். இரண்டு பக்கமும் ஒரே நொடியில் அணைந்தால் பியூஸையோ, சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்சான ரிலேயையோ சந்தேகப்படுவதே முறை, ஏனெனில் இரண்டு பல்புகள் சேர்ந்து சொல்லிவைத்தாற்போல் சாவதில்லை.

சாதா ஹாலோஜனும் விலை கூடிய ஹாலோஜனும்

சாதா ஹெச்4 பல்பு சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. கார் செய்தவர்கள் ரிஃப்ளெக்டரை, அதாவது ஒளியைச் சாலைக்குத் திருப்பிவிடும் பளபளப்பான கிண்ணத்தை, வடிவமைத்ததும் இதற்காகத்தான். டிம் இழைக்குக் கீழே சிறு கரண்டி போல ஒரு உலோகத் தகடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை அது மறைத்துவிடுவதால், ரிஃப்ளெக்டரின் மேற்பாதியில் மட்டும் ஒளி பட்டுச் சாலையை நோக்கி இறங்குகிறது. எதிரே வருபவரின் கண்ணைக் காப்பாற்றுவது அந்தச் சின்னத் தகடும், இழை இருக்க வேண்டிய இடத்தில் மில்லிமீட்டர் பிசகாமல் இருப்பதும்தான்.

விலை கூடிய ஹாலோஜன் டப்பாவில் 100 சதவீதம், 130 சதவீதம் கூடுதல் என்றெல்லாம் போட்டிருக்கும். ஐ.நா.வின் 37ஆம் எண் ஒழுங்குமுறைப்படி ஹெச்4 பல்பின் மொத்த ஒளி பிரைட்டில் 1,650 லூமன், டிம்மில் 1,000 லூமன். இதில் 15 சதவீதம் கூடவோ குறையவோ மட்டுமே அனுமதி உண்டு. ஆகவே அந்த 130 என்ற எண் மொத்த வெளிச்சத்தின் கணக்கு ஆக முடியாது. சாலையில் குறிப்பிட்ட சில புள்ளிகளில் விழும் ஒளியை, அந்த இடத்துக்கு விதித்த குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டுச் சொல்வது அது. இழையை நெருக்கமாகச் சுற்றி, கூடுதல் சூட்டில் எரியவிட்டு இந்தப் பலனைப் பெறுவதால் வெளிச்சம் சற்றுத் தூரம் போவது உண்மைதான், ஆனால் ஆயுள் குறைகிறது. மாதம் இரண்டு முறை இரவில் ஓட்டுகிறவர் வாங்கலாம். தினமும் இரவில் தென்காசிக்கும் நெல்லைக்கும் போய் வருகிறவருக்கு அது கட்டுப்படியாகாது. நீலப் பூச்சுப் பூசிய பல்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். பூச்சு வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தானே விழுங்கிவிடுகிறது.

நூறு வாட் மோகம்

100/90 வாட் பல்பை நம் பக்கத்தில் இன்றும் விரும்பிக் கேட்கிறார்கள். கார், பிசானம் என்று இரண்டு நெற்பருவத்து அறுவடைக் காலங்களிலும் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் சாலைகளில் பின்விளக்கு இல்லாத டிராக்டர் வைக்கோல் போரைச் சுமந்துகொண்டு இருட்டில் முன்னால் திடீரென முளைப்பதை ஒருமுறை கண்டவர், எவ்வளவு வெளிச்சம் இருந்தாலும் போதாது என்றே நினைப்பார். ஆசை நியாயமானது, வழிதான் தவறு. 12 வோல்ட்டில் 55 வாட் பல்பு ஏறத்தாழ 4.6 ஆம்பியர் இழுக்கும், 90 வாட் பல்பு 7.5 ஆம்பியர் இழுக்கும். ஒயரிலும் முனைகளிலும் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடியாக ஏறுவதால், ஒயர் அதேதான் என்றாலும் சூடு இரண்டரை மடங்கைத் தாண்டுகிறது. என் மைத்துனர் காரில் கப்ளரின் பிளாஸ்டிக் உருகிப் பல்பின் மூன்று முனைகளோடும் ஒட்டிக்கொண்டதை நான் குறடு வைத்துப் பிய்த்திருக்கிறேன். ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சும் நாளடைவில் மங்குகிறது; எதிரே வருபவர் திட்டுவது தனிக் கணக்கு. இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எல்இடி

கடைக்காரர்கள் அதிகம் தள்ளுவது எல்இடியைத்தான். ஹாலோஜனைவிடக் குறைந்த மின்சாரம், வெள்ளை வெளிச்சம், நீண்ட ஆயுள் என்று அவர்கள் சொல்வதில் முதல் இரண்டும் சரி. சிக்கல் ஒளி பிறக்கும் இடத்தில் இருக்கிறது. ஹாலோஜன் இழை சுற்றிலும் ஒளி வீசும் மெல்லிய உருளை. எல்இடியோ ஒரு தகட்டின் இரு முகங்களில் ஒட்டிய சதுரச் சில்லு. இழை இருந்த அதே இடத்தில், அதே கனத்தில் அந்தச் சில்லை உட்காரவைத்தால் மட்டுமே பழைய ரிஃப்ளெக்டர் பழைய வேலையைச் செய்யும். மலிவான எல்இடியில் அது நடப்பதில்லை. காருக்கு முன்னால் பத்தடிக்குப் பால் ஊற்றியது போல வெளிச்சம் கொட்டுகிறது, உங்கள் கண் அதைப் பார்த்து மகிழ்ந்து சுருங்கிவிடுகிறது, ஐம்பது மீட்டருக்கு அப்பால் நிற்கும் எருமையோ தெரியாமல் போகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இல் 106ஆம் விதி, எதிரே உள்ளவர் கண்ணைக் கூசச் செய்யாதபடி முன்விளக்கின் ஒளி நிரந்தரமாகக் கீழ்நோக்கி இறங்கியிருக்க வேண்டும் என்கிறது. சிதறி மேலேறும் இந்த ஒளி அதற்கு நேர்மாறானது. ஜெர்மனியில்கூட 2020இல்தான், அதுவும் சோதித்து ஒப்புக்கொண்ட சில கார் மாடல்களுக்கு மட்டும், ஹாலோஜன் இடத்தில் எல்இடி மாட்ட அனுமதி கிடைத்தது.

சாரல் காலத்தில் குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் இரவில் ஓட்டும்போது இன்னொன்றையும் கவனித்தேன். ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் கணக்கில் ஹாலோஜனின் வெளிச்சம் ஏறத்தாழ 3,200 அளவில் மஞ்சளாக இருக்கும். 6,000 கெல்வினைத் தாண்டிய எல்இடி வெளிச்சம், நனைந்த கரிய சாலையில் என் கண்ணுக்கு உறுத்தலாகவே இருந்தது. விளக்குக் கண்ணாடி சூடாகாததால் அதன்மேல் படியும் பனி உருகுவதில்லை என்று குளிர் நாடுகளில் எல்இடியைக் குறை சொல்வார்கள். திருநெல்வேலிக்காரருக்கு அந்தக் கவலை மட்டும் இல்லை. நமக்குள்ள கவலை பல்பின் பின்னால் இருக்கும் குட்டி விசிறி. அதற்கு இடம் விடுவதற்காக ரப்பர் மூடியை வெட்டிவிட்டால் பணகுடிக் காற்றுக்குப் புழுதி உள்ளே போகும், ஐப்பசி மழைக்கு ஈரம் போகும், ரிஃப்ளெக்டர் பாழாகும். ஹெச்ஐடி எனப்படும் வாயு விளக்கையும் ஹாலோஜன் ரிஃப்ளெக்டரில் மாட்டுகிறார்கள். ஒளி சிதறும் குறை அதற்கும் பொருந்தும், கூடவே அதை எரியவைக்கும் பாலாஸ்ட் பெட்டியின் செலவும் சேரும்.

எலக்ட்ரீஷியன் காட்டிய வழி

நான் எல்இடி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியன், “அண்ணாச்சி, பல்பைக் குறை சொல்லாதீங்க. கரண்டு வந்து சேரல, அதாம் காரியம்” என்றார். இன்ஜினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, மீட்டர் வைத்துக் காட்டினார்: பேட்டரியில் 13.6 வோல்ட், ஹோல்டரில் 12.3. மெல்லிய ஒயரும், ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிட்சும், துருவேறிய எர்த்தும் இடையில் ஆளுக்குக் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தன. ஹாலோஜனின் ஒளி வோல்ட்டேஜைவிட வெகு வேகமாக விழும். பத்து சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைகிறது.

பேட்டரிக்கு அருகில் பியூஸ் வைத்து, அங்கிருந்து தடித்த ஒயரில் ரிலே வழியாகப் பல்புக்குக் கரண்டு கொடுத்தார். பழைய சுவிட்ச் இப்போது ரிலேயை இயக்கும் வேலையை மட்டுமே செய்கிறது. எர்த் முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடுக்கினார். 55 வாட்டே தந்த மாற்றம் என்னை வியக்கவைத்தது. பழைய காருக்கு இதுவே முதல் செலவாக இருக்கட்டும். விளக்குகளைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புதிய கார்களில் மட்டும் ஒயரை வெட்டக் கூடாது. தொழிற்சாலையிலேயே எல்இடி பொருத்தி வரும் கார்களில் தனிப் பல்பு என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை, விளக்கு முழுவதையும் மாற்ற நேரும்.

நாமே மாட்டுவதா, கடையிலா?

ஹெச்4 என்றால் நாமே மாட்டலாம். விளக்கை அணைத்து ஆறவிட்டு, கப்ளரை நேராக இழுத்து, ரப்பர் மூடியை உரித்து, கம்பிக் க்ளிப்பை அழுத்தி விலக்கினால் பல்பு கைக்கு வரும். என் காரில் பேட்டரிக்கும் விளக்குக்கும் நடுவே மூன்று விரல்தான் நுழையும். க்ளிப்பைக் கண்ணால் பார்க்காமல் தடவியே மாட்ட வேண்டியிருந்தது. பல்பின் வளையத்தில் உள்ள மூன்று காதுகள் ஒரே அளவில் இல்லாததால் அது ஒரு நிலையில் மட்டுமே சரியாக உட்காரும். உட்காராவிட்டால் திருப்பிப் பார்க்க வேண்டுமே தவிர அழுத்தக் கூடாது. கண்ணாடியை விரலால் தொடவும் கூடாது, விரல் எண்ணெய் படிந்த இடம் அதிகச் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிடலாம். பேட்டரியையோ பம்பரையோ கழற்றியாக வேண்டிய கார் என்றால், கடையில் கேட்கும் கூலியைக் கொடுத்துவிடுவதே லாபம்.

கடைசியில் நான் சாதா ஹாலோஜனையே இரண்டாக வாங்கினேன். இரண்டு பக்கமும் ஒரே நேரம் எரிந்தவை என்பதால், ஒன்று போனால் மற்றதும் நெருங்கிக்கொண்டிருக்கும். மாட்டி முடித்ததும் காரைச் சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்திலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே விழுகிறதா என்று பார்த்தேன். வலப்பக்கம் நான்கு விரல்கடை மேலே ஏறியிருந்தது. காரணம் திருகு அல்ல. க்ளிப்பின் ஒரு கால் பள்ளத்தில் விழாமல் பல்பு சாய்ந்து நின்றதுதான். மறுபடியும் மூன்று விரலை நுழைத்துத் தடவி, ‘டக்’ என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தினேன், விளிம்பு இறங்கியது. அறுந்த பல்போடு கழற்றிய இன்னொரு நல்ல பல்பைத் துணியில் சுற்றி டேஷ்போர்டுப் பெட்டியில் போட்டிருக்கிறேன், நாங்குநேரிக்கு அப்பால் மறுபடியும் இருட்டினால் உதவும்.