மூட்டுவலிக்கு யாரிடம் போவது? மருந்துக்கடை, எலும்பு டாக்டர், சித்தா, பிசியோ, ஆசான்: ஐந்தையும் பார்த்த பிறகு

அம்மா பதினைந்து வயதில் பீடி சுற்ற உட்கார்ந்தவள். ஆலங்குளம் பக்கம் எங்கள் தெருவில் அந்த வயதுப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். சம்மணம் போட்ட கால், மடியில் தட்டு. காலையில் உட்கார்ந்தால் கடையில் பீடியை ஒப்படைக்கப் போகும் வரை நடுவில் எழுந்திருப்பது சோறு வடிக்க மட்டும்தான். இப்போது அவளுக்கு 61. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் தட்டை இறக்கி வைத்துவிட்டு எழுந்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு பாதியிலேயே நின்றுவிட்டாள். "ஏட்டி, முட்டு பிடிச்சிக்கிட்டு" என்றாள்.

அதற்குப் பிறகு ஐந்து பேரிடம் போனோம். எந்த வரிசையில் போகக் கூடாதோ அந்த வரிசையில் போனோம். இதே வலியோடு வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்றால் எங்களைப் போல ஒன்றரை வருடத்தை விட வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் போனது மருந்துக்கடை. எல்லாரும் அங்கேதான் போகிறோம். வரிசை கிடையாது, டோக்கன் கிடையாது, இரவு ஒன்பதரைக்கும் திறந்திருக்கும். "மூட்டுவலிக்கு ரெண்டு குடுங்க" என்றால் அட்டையை வெட்டி, பழுப்புக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக், கூடவே ஒரு கேஸ் மாத்திரை. போட்ட கொஞ்ச நேரத்தில் வலி அடங்கிவிடும். அந்த வேகத்தால்தான் அம்மா அதை விடவில்லை. ஐந்து மாதம், வாரத்துக்கு நாலைந்து நாள், எனக்குத் தெரிந்தும் தெரியாமலும் போட்டிருக்கிறாள். சட்டப்படி இவை டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மாத்திரைகள். அம்மாவுக்குப் பிரஷர் உண்டா என்று அந்தக் கடையில் ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

கண்டுபிடித்தது பிரஷர் மாத்திரை கொண்டுவரும் அக்கா. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் தன்னார்வலர். அன்றைக்குப் பார்த்தபோது 170/100. அம்மாவின் கணுக்காலைப் பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு எடுத்தார். அழுத்திய குழி அப்படியே நின்றது. "வேற ஏதும் மாத்திரை போடுறீங்களாம்மா?" என்று கேட்டார். அம்மா பழுப்புக் கவரை எடுத்துவந்து காட்டினாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்ததில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.4, இருக்க வேண்டியதை விட அதிகம். வலி மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது 1.0-க்கு இறங்கிவிட்டது. இறங்காமலும் போயிருக்கலாம். இந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும், பிரஷரை ஏற்றும், வயிற்றில் புண் ஆக்கும். பிரஷர் மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். என்றைக்கோ ஒரு நாள் பல்வலிக்கு ஒன்று போடுவதைச் சொல்லவில்லை. வருடக்கணக்கில் இருக்கப்போகும் மூட்டுவலியை மருந்துக்கடையில் போய்த் தீர்க்கப் பார்ப்பதைச் சொல்கிறேன். இந்த ஐந்தில் அதை மட்டும் வேண்டவே வேண்டாம் என்பேன்.

அப்புறம் திருநெல்வேலியில் எலும்பு டாக்டர். ஃபீஸ் 400, எக்ஸ்ரே தனி, இரண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே ஐந்து நிமிடம். பலரும் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கும் அன்றைக்கு எரிச்சல்தான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் வேறு யாரும் சொல்ல முடியாத ஒன்றைச் சொன்னார்: இது தேய்மானம், நான்கு படியில் இரண்டாம் படி, முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டு நோய்) இல்லை, யூரிக் ஆசிட் கூடி வரும் மூட்டுவலி இல்லை, அறுவைச் சிகிச்சை இப்போது தேவையில்லை. எந்த வைத்தியம் செய்வதாக இருந்தாலும், என்ன நோய் என்பது ஒருமுறை நிச்சயமாகத் தெரிந்துவிட வேண்டும். முடக்குவாதத்தைத் தேய்மானம் என்று நினைத்து வருடக்கணக்கில் எண்ணெய் தேய்த்தால் விரல்கள் கோணிப்போகும். அதற்கு மருந்தே வேறு.

அவர் எழுதிக் கொடுத்தது மேலே தடவும் ஜெல். மாத்திரை அளவுக்கு ரத்தத்தில் கலக்காது என்பதால் அம்மா மாதிரி ஆட்களுக்கு அது நல்லது. "உடற்பயிற்சி பண்ணுங்க" என்றும் சொன்னார். என்ன பயிற்சி, எப்படி என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை, அவருக்குச் சொல்ல நேரமில்லை. வெளியே வந்ததும் கம்பவுண்டர், முட்டிக்குள் போடும் ஜெல் ஊசியைப் பற்றிச் சொன்னார். ஒரு ஊசி ஆயிரக்கணக்கில். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட மூட்டுத் தேய்மான வழிகாட்டியில் அந்த ஊசியைப் போட வேண்டாம் என்றே இருக்கிறது. குளுக்கோசமைன் மாத்திரையும் வேண்டாம் என்கிறார்கள். அந்தப் பணம் மிஞ்சியது.

மூன்றாவது, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கும் சித்தா பிரிவு. அதே கட்டடத்தில், ஆங்கில மருத்துவத்துக்கு நிற்கும் வரிசைக்கு எதிர்ப்பக்கம் ஒரு அறை. இத்தனை வருடம் அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறோம், உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. அந்த டாக்டரம்மா அம்மாவிடம் இருபது நிமிடம் பேசினார். நாடி பார்த்தார். தூக்கம் எப்படி, மலம் கழிகிறதா, ராத்திரி என்ன சாப்பிடுகிறீர்கள், காலையில் எழுந்ததும் எவ்வளவு நேரம் பிடித்துக்கொள்கிறது என்று ஒன்றொன்றாகக் கேட்டார். சித்த மருத்துவத்தில் இதற்கு அழல் கீல்வாயு என்று பெயர் என்று அம்மாவுக்கு எழுதியே காட்டினார். எலும்பு டாக்டரின் எக்ஸ்ரேயையும் வாங்கிப் பார்த்தார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

கொடுத்தது அமுக்கரா சூரணமும் உளுந்துத் தைலமும். இரண்டுமே அரசு நிறுவனமான டாம்ப்கால் தயாரிப்பு, லேபிளோடு, இலவசமாக. ஒற்றடத்தையும் சொல்லிக்கொடுத்தார். கிண்ணத்தில் தைலத்தை ஊற்றி வெந்நீரில் வைத்துச் சூடாக்க வேண்டும், அடுப்பில் நேராக வைக்கக் கூடாது. முழங்கால் சில்லைச் சுற்றி, தொடையின் கீழ்ப்பாதி வரை தடவி, அரைமணி நேரம் விட வேண்டும். அதற்குள் இரண்டு கைப்பிடி நொச்சி இலையைத் தோசைக்கல்லில் வதக்கி, பழைய வேட்டித் துணியில் முடிந்து, முதலில் நம் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு மூட்டில் ஒற்ற வேண்டும். வாசல் வரை நொச்சி வாசம் வரும். அம்மா அதற்காகவே சாயங்காலத்தை எதிர்பார்ப்பாள். அந்த நேரத்தில்தான் காலை நீட்டிப் போட்டு உட்காருவாள், நான் பக்கத்தில் இருப்பேன். ராத்திரித் தூக்கம் திரும்ப வந்தது இந்த ஒற்றடத்தால்தான். ஜெல்லில் அது வரவில்லை.

ஆனால் படி ஏறுவது அப்படியே கடினமாகத்தான் இருந்தது. வலி அடங்குவதும் கால் பலப்படுவதும் வேறு வேறு என்று அப்போது எனக்குத் தெரியாது.

சித்தா பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அமுக்கரா சாப்பிடும் முன் அதைச் சொல்லிவிட வேண்டும். சுகர் வந்து கால் மரத்திருப்பவர்களுக்குச் சூடு தெரியாது, ஒற்றடம் கொப்புளமாகிவிடும். முக்கியமாக, பெயரில்லாத பொடி. சந்தையில், கோயில் திருவிழாவில், தெரிந்தவர் மூலமாக என்று வரும் "மூணே நாள்ல வலி போயிரும்" பொடியில் ஸ்டீராய்டு கலந்திருப்பது மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் சங்கதி. வலி போகும், முகம் ஊதும், சுகர் ஏறும், எலும்பு கரையும். ஐந்தரை வருடம் பி.எஸ்.எம்.எஸ். படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவரையும் இந்தப் பொடி விற்பவரையும் "நாட்டு மருந்து" என்ற ஒரே சொல்லில் சேர்த்துப் பேசுவது அநியாயம். பக்கத்து சுகாதார நிலையத்தில் சித்தா பிரிவு இல்லை என்றால், நெல்லைக்காரர்களுக்குப் பாளையங்கோட்டையில் 1964-லிருந்து இருக்கும் அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சென்னைக்காரர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம்.

நாலாவது பிசியோதெரபி. முதலிலேயே வந்திருக்க வேண்டிய இடம் இது. பிசியோ என்றால் எங்கள் ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்று பொருள். அம்மாவும் அதை எதிர்பார்த்துத்தான் வட்டார சுகாதார நிலையத்துக்கு வந்தாள். அங்கிருந்த தம்பி மெஷின் பக்கமே போகவில்லை. ஒரு துண்டை உருட்டி அம்மாவின் முழங்காலுக்கு அடியில் வைத்தார். "துண்டை முட்டியால கீழ அமுக்குங்கம்மா. அஞ்சு எண்ணுற வரைக்கும் விடாதீங்க." அம்மாவின் தொடைச் சதை லேசாகத் துடித்தது, இறுகவே இல்லை. அவர் என் கையைப் பிடித்து அம்மாவின் தொடையில் வைத்து, பிறகு என் தொடையில் வைத்துப் பார்க்கச் சொன்னார். நாற்பத்தைந்து வருடம் சம்மணம் போட்டு உட்கார்ந்த காலில் முன்தொடைத் தசை பஞ்சு மாதிரி இருந்தது. அந்தத் தசை தாங்க வேண்டிய பாரத்தை முட்டி தாங்கிக்கொண்டிருக்கிறது என்று அவர் சொன்னதும் எனக்கு எல்லாம் விளங்கியது.

மூன்றே பயிற்சி. துண்டை அமுக்குவது, காலை நீட்டியபடி ஒரு சாண் தூக்கிப் பிடிப்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. காலையும் மாலையும் பத்துப் பத்து. முதல் வாரம் வலி கூடியது. அம்மா நிறுத்திவிடப் பார்த்தாள். கொஞ்சம் வலி வரும், அடுத்த நாள் காலைக்குள் பழையபடி ஆகிவிட்டால் பயமில்லை என்று அவர் முன்பே சொல்லியிருந்ததால் விடவில்லை. ஆறு வாரத்தில் மாடிப்படி ஏறினாள். அதே நைஸ் வழிகாட்டி தேய்மானம் உள்ள எல்லாருக்கும் முதலில் சொல்வது தசைப் பயிற்சியைத்தான். கரண்ட் வைக்கும் சிகிச்சைகளைக் கொடுக்க வேண்டாம் என்கிறது. தனியார் கிளினிக்கில் ஒரு தடவைக்கு 300 வாங்கிக்கொண்டு மெஷினை மட்டும் வைத்து அனுப்பினால், பயிற்சி சொல்லிக்கொடுக்கும் வேறு இடத்தைத் தேடுங்கள்.

அவர் சொன்ன இன்னும் சில: படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கம்பு ஊன்றினால் வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில். எடை கூடியவர்களுக்கு ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியில் விழும் பாரம் நாலு கிலோ குறையும். அம்மா ஐந்து கிலோ குறைத்திருக்கிறாள். ராத்திரி சோற்றைக் குறைத்ததில் மட்டும் வந்தது அது.

ஆசான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெல்லை, குமரிப் பக்கம், உடம்பிலுள்ள வர்மப் புள்ளிகளைக் கையால் தொட்டும் தடவியும் வைத்தியம் பார்க்கும் வர்ம ஆசான்கள் மேல் எங்களுக்கு இருக்கும் நம்பிக்கை சாதாரணமானது இல்லை. படு வர்மம் 12, தொடு வர்மம் 96 என்று கணக்கு வைத்து, கையாலேயே படித்த பரம்பரை. என் அப்பாவுக்குக் கழுத்துப் பிடிப்பை ஒரு ஆசான் தடவி எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். பிடிப்புக்கும் சுளுக்குக்கும் அவர்கள் கை நல்ல கை. அம்மாவின் முட்டியைப் பார்த்த ஆசான் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது தேய்மானம்மா, தடவுனா ரெண்டு நாளைக்குச் சுகமா இருக்கும், அவ்வளவுதான்" என்று காசு வாங்காமல் அனுப்பினார். இப்படிச் சொல்பவரிடம் தைரியமாகப் போகலாம்.

எலும்பு முறிவு விஷயத்தில் மட்டும் நான் உறுதியாக இருக்கிறேன். திருத்தணி, நகரி தாண்டினால் வரும் புத்தூர்க் கட்டு வரைக்கும் நம்மவர்கள் போகிறார்கள். மூங்கில் பத்தையும் பச்சிலையும் முட்டை வெள்ளையும் வைத்துக் கட்டும் கட்டு அது. இடம் விலகாத சின்ன முறிவு பெரும்பாலும் எப்படிக் கட்டினாலும் சேரும். விலகிய முறிவு கோணலாகச் சேரும். கட்டு இறுகி ரத்த ஓட்டம் நின்றால் கையே போகும். எங்கே கட்டுவதாக இருந்தாலும் முதலில் எக்ஸ்ரே. கட்டிய பிறகு விரல் மரத்தாலோ, நீலமானாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ விடியும் வரை காத்திருக்காமல் கட்டைப் பிரித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஒற்றைக் கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் யாரையும் தடவ விடாதீர்கள். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம்.

பணத்தைப் பார்த்தால் எங்களுக்கு மலிவாகத் தெரிந்தது மருந்துக்கடை, கடைசியில் ரத்தப் பரிசோதனையும் அலைச்சலுமாக அதிகம் வாங்கியதும் அதுதான். சித்தாவும் பிசியோவும் அரசு இடத்தில் இலவசம், ஆனால் வேலைநாள் காலையை விட வேண்டும். பீடி சுற்றுபவளுக்கு அது ஒரு நாள் கூலி. அதைக் கணக்கில் எடுக்காமல் "இலவசம்தானே, போங்க" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிசியோவுக்கு மொத்தம் நாலு முறை போனால் போதும், மீதி வீட்டிலேயே. அப்படிப் பார்த்தால் அம்மா இழந்தது நாலு நாள் கூலி.

எங்கள் வீட்டில் இப்போது காலையில் துண்டுப் பயிற்சி, சாயங்காலம் உளுந்துத் தைலமும் நொச்சியும், வலி கூடும் நாளில் ஜெல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரியாட்டினின். எலும்பு டாக்டரிடம் இனி போவது முட்டி சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ, கால் மடிந்து விழுந்தாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோதான்.

அம்மா பீடித்தட்டை விடவில்லை. தச்சரிடம் சொல்லி இடுப்புயரத்துக்கு ஒரு பலகை அடித்துக் கொடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து அதில் தட்டை வைத்துச் சுற்றுகிறாள். முதல் பத்து நாள் கை ஓடவில்லை, எண்ணிக்கை குறைந்தது, முனகினாள். போன வாரம் பக்கத்து வீட்டுச் சித்தி வந்து பலகையின் உயரத்தைச் சாண் கணக்கில் அளந்துகொண்டு போனார்.