மலையகத்துக் கரண்டுக்கு எந்த வீஜீஏ? ஆர்எக்ஸ் 6600 வாங்கி எட்டு மாதம்

வீஜீஏ, அதாவது கிராபிக்ஸ் கார்ட், வாங்கும்போது கடையில் தருகிற பில்லின் அடியில் சின்ன எழுத்தில் இருப்பதை நிறையப் பேர் வாசிப்பதில்லை. நான் ஹட்டன் டவுனில் ஒரு கொம்யூனிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர்களின் கடிதங்களையும் படிவங்களையும் டைப் பண்ணுவதால் சின்ன எழுத்தையும் விடாமல் வாசிக்கிற பழக்கம் வந்துவிட்டது. என் பில்லில் இருந்தது இதுதான்: 1 வருஷ வாரண்டி என்றால் 350 நாள், சிப் எரிந்திருந்தால் வாரண்டி இல்லை, துருப் பிடித்திருந்தால் இல்லை, மின்னலாலோ கரண்ட் ஏற்ற இறக்கத்தாலோ பழுதானால் இல்லை. கொட்டகலைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிற எங்களுக்கு ஒரு கார்ட் போவதென்றால் பெரும்பாலும் இந்தக் காரணங்களில் ஒன்றால்தான் போகும். அதனால் எந்த கார்ட் ஒரு நொடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்) தருகிறது என்ற பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால், அது எத்தனை வாட் இழுக்கிறது, நம் வீட்டு லைனும் யுபிஎஸ்ஸும் (கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்குகிற பட்டரிப் பெட்டி) அதைத் தாங்குமா என்று பாருங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்து ஒரு தடவை காசை இழந்தேன், அதையும் சொல்கிறேன்.

என்னிடம் இருக்கிற செட்: ஐ5 10400எஃப், 16 ஜிபி ரேம், 450 வாட் பவர் சப்ளை, 75 ஹெர்ட்ஸ் ஓடுகிற 1080பி மொனிட்டர். அதில் இருந்தது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி. 2016 இல் வந்த கார்ட், 75 வாட்தான் எடுக்கும், தனியாக பவர் வயர்கூட வேண்டாம், போர்டில் செருகினால் போதும். நல்ல உழைப்பாளி அது. எங்கள் வீட்டில் இன்னும் விறகு அடுப்புதான், லயத்து வீடு என்பதால் அடுப்படிக்கும் கம்பியூட்டர் மேசைக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டிதான் இருக்கிறது. அந்த கார்டின் ஃபேன் இறக்கையைத் தொட்டால் தூசி பறக்காது, விரலில் பிசுபிசுவென்று கரும்பழுப்பாக ஒட்டும், முகர்ந்தால் அடுப்புப் புகை மணக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பெயின்ட் பிரஷ்ஷும் ஐசோபுரொப்பைல் அல்ககோலும் எடுத்து உட்கார்ந்து துடைப்பேன். அவ்வளவுக்கும் அது ஒருநாள்கூட நின்றதில்லை. ஆனால் 4 ஜிபி மெமரியை வைத்துக்கொண்டு புதுக் கேம் எதையும் தொட முடியாமல் போய்விட்டது, கல்லும் சுவரும் களிமண் பூசினது போல மங்கலாகத் தெரியும், தம்பியும் "அக்கா இத மாத்துவோம்" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்போது அவசரப்பட்டு செகண்ட் ஹேண்டில் ஒரு ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி வாங்கினோம். விற்றவரையும் ஊரையும் சொல்லப் போவதில்லை. 2022 செப்டம்பரில் எத்தேரியம் என்ற டிஜிட்டல் நாணயம் மைனிங்கையே (வீஜீஏக்களைக் கொண்டு நாணயம் சம்பாதிக்கிற முறை) கைவிட்ட பிறகு, மைனிங்கில் ராத்திரி பகலாக ஓடின கார்டுகள் உலகம் முழுக்க பழைய சாமான் சந்தைக்கு வந்து குவிந்தன, இதுவும் அதில் ஒன்றாக இருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டு கார்டின் விவரத்தைக் காட்டுகிற ஜிபியு-இசட் என்ற சின்ன சொஃப்ட்வேரைத் திறந்து பார்த்தால் ஷேடர் (கார்டுக்குள் கணக்குப் போடுகிற சின்ன அலகுகள்) எண்ணிக்கை 2048 என்று காட்டுகிறது. உண்மையான ஆர்எக்ஸ் 580 இல் அது 2304. 2048 உள்ளது சீனச் சந்தைக்காக வந்த வகை, கிட்டத்தட்ட ஆர்எக்ஸ் 570 தான், பெயரில் மட்டும் 580. கார்டின் பின்பக்கத்தில் மெமரி சிப்புகள் இருக்கும் இடத்தைச் சுற்றி எண்ணெய் கசிந்து காய்ந்த கறை வேறு இருந்தது, சூட்டில் தெர்மல் பேட் (சிப்பின் சூட்டைக் கடத்துகிற மெத்தை) இளகி வடிந்த கறை அது. செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் தயவுசெய்து விற்பவரின் இடத்திலேயே கார்டைப் போட்டு, ஜிபியு-இசட்டைத் திறந்து, பத்து நிமிஷம் ஒரு கேமை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

அதைவிடப் பெரிய தொல்லை யுபிஎஸ்ஸில் வந்தது. எங்கள் பக்கம் ஆனி ஆடிக் காற்றில் டர்பன்டைன் மரக் கிளை லைனில் உரசினால் லைட் ஒரு கண் சிமிட்டும், கரண்ட் போகாது, சிமிட்டும், அவ்வளவுதான். ஒரு மாலையில் ஏழெட்டுத் தடவைகூட நடக்கும். 1050 டிஐ இருந்தபோது யுபிஎஸ் டிக் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு சமாளித்துவிடும். 580 ஐப் போட்ட பிறகு கேம் ஓடும் நேரத்தில் லைட் சிமிட்டினால் யுபிஎஸ் நீளமாக ஒரு கத்தல் கத்தி மொத்தத்தையும் அணைத்துவிட்டது. இப்படி நாலைந்து தடவை நடந்து, கடைசியில் விண்டோஸே ஏறாமல் போய், திரும்ப இன்ஸ்டோல் பண்ண வேண்டி வந்தது. அந்த கார்டை நட்டத்துக்குத்தான் விற்றோம். வாங்கினவரிடம் 2048 விஷயத்தையும் எண்ணெய்க் கறையையும் மறைக்காமல் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் கொப்பியையும் பேனாவையும் எடுத்து உட்கார்ந்தேன். என் யுபிஎஸ் பெட்டியில் பெரிதாக 650 விஏ என்று போட்டிருக்கிறது, கீழே சின்னதாக 360 வாட். நமக்குத் தேவையான எண் அந்தச் சின்ன எண்தான். சிபியு கேமில் எடுப்பது 65 வாட் அளவு, போர்ட், ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து 40 வாட் என்று வைத்துக்கொண்டேன். இவற்றோடு கார்டின் வாட்டைக் கூட்டி, பவர் சப்ளை நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குதான் பயனுள்ளதாகக் கொடுக்கும் என்பதால் 0.85 ஆல் வகுத்து, மொனிட்டருக்கு 25 கூட்டினேன். ஆர்எக்ஸ் 580 க்கு 185 வாட், கூட்டிக் கழித்தால் 366 வருகிறது. யுபிஎஸ் ஏன் கத்தியது என்று அந்த ஒரு வரியில் புரிந்துவிட்டது. ஆர்டிஎக்ஸ் 3060 க்கு 170 வாட், மொத்தம் 349, விளிம்பில் நிற்கிறது, அதுவும் அந்தத் தலைமுறை கார்டுகள் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்குத் திடீரென்று எகிறக்கூடியவை. ஆர்எக்ஸ் 6600 க்கு 132 வாட், மொத்தம் 304. ஆர்டிஎக்ஸ் 4060 க்கு 115 வாட், மொத்தம் 284.

ஆக, கரண்ட் கணக்கில் மட்டும் பார்த்தால் 4060 தான் முதலிடம், இதை ஒளிக்கத் தேவையில்லை. 6600 ஐவிட வேகமும் கூட, குறைந்த அளவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கி ஃபிரேமைக் கூட்டுகிற டிஎல்எஸ்எஸ் இருக்கிறது, ரே ட்ரேசிங்கில் (வெளிச்சத்தையும் நிழலையும் நிஜம் போலக் கணக்கிடும் முறை) நன்றாகவே முந்தும், வீடியோ எடிட் பண்ணுகிறவர்களுக்கு வீடியோவை ஏவி1 வகையில் சுருக்குகிற என்கோடரும் கிடைக்கும். என் கையில் இருந்தது 90,000 ரூபா, நான் கேட்ட கடைகளில் புது 4060 ஒரு லட்சத்தைத் தாண்டித்தான் இருந்தது. 3060 இல் 12 ஜிபி மெமரி இருப்பது பெரிய ஆசைதான், ஆனால் அந்த விலைக்கு எனக்குக் கிடைத்ததெல்லாம் செகண்ட் ஹேண்ட், அந்த வழியில் இன்னொரு தடவை போக மனம் வரவில்லை. இன்டெல்லின் ஆர்க் பி580 ஐயும் பார்த்தேன், 12 ஜிபி, நல்ல கார்ட், ஆனால் 190 வாட், அதுவும் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் சிபியு ஒரே தடவையில் அணுகுகிற வசதி) இல்லாத பழைய போர்டில் அதைப் போட்டால் வேகம் மோசமாக அடிபடும். பவர் சப்ளை விஷயமும் இருக்கிறது: என்விடியா 3060 க்கும் 4060 க்கும் 550 வாட் சப்ளை வேண்டும் என்கிறது, ஏஎம்டி 6600 க்கு 450 வாட் போதும் என்கிறது. என்னிடம் இருப்பது 450. சரி, முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

கினிகத்தேனை, கித்துல்கல வழியாக பஸ் பிடித்துக் கொழும்பு போய், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் மாடி மாடியாக ஏறி இறங்கிப் புதிதாகவே வாங்கினேன், 85,000 ரூபாவுக்குள் முடிந்தது. ஒரே கார்டில் இரண்டு ஃபேன் உள்ளதும் மூன்று ஃபேன் உள்ளதும் இருந்தன, மூன்று ஃபேன் உள்ளது சில ஆயிரம் கூட. கடைக்கார அண்ணன் அதைத்தான் எடுக்கச் சொன்னார். எங்கே இருந்து வருகிறேன் என்று சொன்னதும் அவரே, "ஹட்டனா தங்கச்சி, அப்ப ரெண்டு ஃபேனே போதும், உங்க ஊர்ல அதுவே சுத்தாது" என்றார். அவர் சொன்னது சரிதான். அறையே குளிரும்போது கார்ட் 60 டிகிரியைத் தாண்டுவது அரிது, டைப் பண்ணும்போதும் படம் பார்க்கும்போதும் ஃபேன் நின்றே இருக்கிறது. கொழும்பு வெக்கையில் இருப்பவர்கள் எழுதுகிற ரிவியூவைப் பார்த்து நாம் கூலிங்குக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை, அந்தக் காசை பவர் சப்ளையிலோ யுபிஎஸ் பட்டரியிலோ போடுங்கள்.

போடுவதற்கு முன் பழைய என்விடியா டிரைவரை டிடியு என்ற டிரைவர் நீக்குகிற சொஃப்ட்வேர் கொண்டு சேஃப் மோடில் சுத்தமாக எடுத்துவிட்டேன். ஒரேயொரு 8 பின் வயர், வேலை பத்து நிமிஷம்.

ஓட்டம் எப்படி என்றால், 1080பி க்கு இது தாராளம். எல்டன் ரிங் எப்படியும் 60 ஃபிரேமுக்கு மேல் போகாத கேம், ஹை செட்டிங்கில் அந்த 60 ஐ விட்டு அதிகம் இறங்குவதில்லை. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 க்கு 150 ஜிபி இடம் வேண்டும், இரவு டேட்டாவில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது. இறக்கி முடித்து, காலை மூடுபனிக்குள் குதிரையில் போகிற ஒரு காட்சியில் தம்பி கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான், "நம்ம தோட்டத்து ரோடு மாதிரியே இருக்குக்கா" என்றான். அந்த ஒரு நிமிஷத்துக்கு 85,000 தகும் என்று எனக்குத் தோன்றியது. சைபர்பங்க் 2077 ஐயும் ரே ட்ரேசிங் இல்லாமல் நன்றாக விளையாடலாம், ரே ட்ரேசிங் போட்டால் கார்ட் திணறுகிறது, அதை மறந்துவிட்டு வாங்குங்கள். 8 ஜிபி மெமரி இப்போதைக்குப் போதும், டெக்ஸ்சரை (கல், சுவர் போன்றவற்றின் மேற்பரப்புப் படம்) அல்ட்ராவில் வைத்தால் சில புதுக் கேம்களில் தடுமாறும், அதுவும் எனது போன்ற பழைய பிசிஐஇ 3.0 ஸ்லொட் உள்ள போர்டில் சற்றுக் கூடுதலாகத் தடுமாறும், ஏனென்றால் 6600 தரவு போக எட்டுப் பாதைகளைத்தான் (லேன்) பயன்படுத்துகிறது. டெக்ஸ்சரை ஒரு படி குறைத்தால் தீர்ந்தது.

ஒன்றைக் கவனியுங்கள்: ஏஎம்டியின் அட்ரினலின் சொஃப்ட்வேரில் இந்தக் கார்ட் 100 வாட்டுக்கு மேல் காட்டாது. அது சிப் எடுப்பது மட்டும், முழுக் கார்டின் அளவு 132 தான், கணக்குப் போடும்போது அந்த 100 ஐ நம்பிவிடாதீர்கள். அதே சொஃப்ட்வேரில் ஃபிரேமை 60 இல் கட்டிவிடலாம். நான் மாலை ஆறரை முதல் ஒன்பது வரை, ஊரே ஹீட்டரும் கேத்தலும் போட்டு வோல்டேஜ் இறங்கிக் கிடக்கிற நேரத்தில், கட்டாயம் கட்டிவைத்துத்தான் விளையாடுவேன், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கார்ட் எடுக்கிற கரண்ட் நன்றாகக் குறைகிறது. எட்டு மாதத்தில் லைட் சிமிட்டின தடவைகளை எண்ணவில்லை, யுபிஎஸ் ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

மின்னலுக்கு மட்டும் எந்தக் கணக்கும் உதவாது. சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரம் இடி கேட்டதும் யுபிஎஸ் ப்ளக்கைச் சுவரிலிருந்தே கழற்றிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் போதாது, ரவுட்டருக்கு டெலிபோன் வயர் வந்தால் அதையும் கழற்றுங்கள், ரவுட்டரையும் கம்பியூட்டரையும் லேன் வயர் இணைக்கிறது என்றால் மின்னல் அந்த வழியாகவும் வரும். பனிக்கால ஈரத்துக்கு, கேஸை ஜன்னலோரத்திலும் தரையிலும் வைக்காமல் பலகை மேல் வைத்திருக்கிறேன், மழை விடாத வாரங்களில் விளையாடாவிட்டாலும் தினமும் ஒரு மணி நேரம் ஓடவிடுகிறேன். துரு என்றால் வாரண்டி இல்லை என்று பில்லில் இருந்தது ஞாபகம் இருக்கட்டும்.

அலுவலகங்களில் கழித்த சின்ன பிராண்ட் கம்பியூட்டர்களை வாங்கி வைத்திருப்பவர்கள் நம் பக்கம் நிறைய. அவற்றின் பவர் சப்ளை 200, 250 வாட்தான், 8 பின் வயரே இருக்காது, அவர்கள் 6600 பக்கம் வர வேண்டாம். 2024 இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 இன் 6 ஜிபி வகையைப் பாருங்கள், 70 வாட், தனி வயர் வேண்டாம். அதே 3050 இல் 8 ஜிபி வகையும் உண்டு, அதற்கு வயர் வேண்டும், பெட்டியை நன்றாகப் பார்த்து வாங்குங்கள். கேஸ் ஒல்லியாக இருந்தால் லோ புரொஃபைல் வகை கிடைக்கிறதா என்றும் கேளுங்கள்.

பழைய 1050 டிஐயை நான் விற்கவில்லை. மேல் லயத்தில் சித்தி மகனுக்கு ஏ/எல் படிக்க வாங்கின ஒரு பழைய கம்பியூட்டர் இருக்கிறது, அதில்தான் இப்போது ஓடுகிறது. போன வாரமும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய்த் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன், அவர்கள் வீட்டிலும் விறகு அடுப்புதான்.