ஆறு வருடம், ஒரு மடக்குக் கத்தி, இரண்டு தையல்

போன வாரம் அக்கா மகன் போனில் கேட்டான். "மாமா, நீங்க வெச்சிருக்கிற அதே கத்தி நானூறு ரூபாய் குறைஞ்சிருக்கு. வாங்கிடவா?" சட்டென்று பதில் சொல்ல வரவில்லை.

ஆறு வருடமாக அது என் பாக்கெட்டிலேயேதான் கிடக்கிறது. சொட்டுநீர்க் குழாய் வெட்ட, உர மூட்டை பிரிக்க, வரப்பில் உட்கார்ந்து கொய்யா நறுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். மாதம் ஒரு தடவை கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் போதும், முன்கை முடியை வழிக்கும். கூர் விஷயத்தில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

என் வயிற்றெரிச்சல் பூட்டு மேல்தான். லைனர் லாக். பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு, கத்தியை விரித்ததும் பக்கவாட்டில் நகர்ந்து வந்து அதன் அடிப்பாகத்துக்கு முட்டுக் கொடுக்கும். நறுக்கும்போது இந்தத் தகட்டுக்கு வேலையே கிடையாது. கூர்ப் பக்கத்தை அழுத்தினால் கத்தி இன்னும் விரியத்தான் பார்க்கும், அந்தப் பாரத்தை ஸ்டாப் பின், அதாவது அதற்கு மேல் விரியாமல் தடுக்கும் முள், வாங்கிக்கொள்ளும். எதிலாவது மாட்டிய கத்தியைப் பிடுங்கும்போதுதான் அதன் முதுகில், கூருக்கு எதிர்ப்பக்கத்தில், அழுத்தம் விழும். பூட்டு வேண்டியது அப்போதுதான்.

மூன்றாம் வருடம் ஒரு பூசணிக்காய். பாதி இறங்கி நின்றுவிட்டது. மேலே தூக்கி ஆட்டினேன். 'டக்' என்று ஒரு சத்தம். ஆள்காட்டி விரலில் இரண்டு தையல்.

கழற்றிப் பார்த்தால் தகட்டின் நுனியில் பலாப்பால் காய்ந்து, அதில் தேங்காய் நார்த் தூசி ஒட்டியிருந்தது. முந்தின வாரம் பலாப்பழத்துக்கு அந்தக் கத்தியை எடுத்தவன் நான்தான். அதற்குக் கத்தியைத் திட்டுவது நியாயமில்லை. சரி என்று தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, பளபளவென்று ஆக்கி, முதுகை மரப்பலகையில் மெதுவாகத் தட்டினேன். மூன்றாவது தட்டில் மறுபடியும் மடங்கியது! அப்போதுதான் உற்றுப் பார்த்தேன்: தகடு அடிப்பாகத்தின் ஓரத்தில் ஒரு நூல் அளவுதான் ஏறி நின்றது. வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

யூடியூபில் பூட்டு எத்தனை கிலோ தாங்கும் என்று எடை கட்டித் தொங்கவிடுகிறார்கள். என்னுடைய பூட்டு உடையவும் இல்லை, வளையவும் இல்லை. நழுவியது, அவ்வளவுதான்.

லேத் பட்டறை அண்ணன் தகட்டைக் கொஞ்சம் வளைத்து விறைப்பு ஏற்றி, நுனியில் அரத்தால் ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். "இதுக்கு மேல ராவினா கத்தி ஆடும் தம்பி" என்றார். இப்போது தகடு பாதிவரை வந்து உட்காருகிறது. மூன்று வருடமாக நழுவவில்லை. ஆனாலும் கட்டைவிரல் தானாகவே தகட்டைத் தடவிப் பார்த்த பிறகுதான் கை வேலையைத் தொடங்கும். பூசணிக்கு அரிவாள்மணைதான்.

நண்பர் ஒருவர் ஒப்பினெல் வைத்திருக்கிறார். பிரான்சின் சவோய் பகுதியில் 1890 இல் தொடங்கிய கத்தி. கழுத்தில் சுழலும் இரும்பு வளையத்தை 1955 இல் சேர்த்தார்கள். வளையம் திரும்பியிருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கே தெரியும், சந்தேகமே இல்லை. ஆனால் ஈரத்தில் மரப்பிடி ஊதிக் கத்தியைக் கவ்விக்கொள்ளும். திறக்கவும் பூட்டவும் இரண்டு கை வேண்டும். ஒரு கையில் தண்ணீர் பீய்ச்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு அது நடக்காது.

என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. வாங்காதே என்றுதான் மருமகனிடம் சொன்னேன். எந்த லைனர் லாக் வாங்கினாலும் கடையிலேயே விரித்து, தகடு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார், முதுகைத் தட்டிப் பார்ப்பதானால் மடங்கும் பாதையில் விரலை வைக்காதே என்றும் சொன்னேன்.

"அப்போ பழசை எனக்குக் குடுத்துட்டு, நீங்க நல்லதா ஒண்ணு வாங்கிக்குங்க மாமா" என்றான்.

முடியாது என்று சொல்லிவிட்டேன்.